புட்டா, பாணா, இடியப்பமா? நாயும் பூனையும் உள்ள வீட்டின் பாடசாலைக் காலை

பாடசாலை 7.30க்குத் தொடங்கிவிடும். தாயும் தகப்பனும் வேலைக்குப் போகும் திருகோணமலை வீடொன்றில் அதற்கு முன் செய்து முடிக்க வேண்டியவை ஏராளம். பிள்ளைகளின் காலைச் சாப்பாடு, இடைவேளைக்குக் கட்டிக் கொடுப்பது, வாசலில் வாலாட்டிக்கொண்டு நிற்கும் நாயின் சாப்பாடு, காலைச் சுற்றும் பூனையின் சாப்பாடு. பிள்ளைகளின் சாப்பாட்டுக்கு யோசனை சொல்பவர்கள் நாயை நினைப்பதில்லை. நாய் வளர்க்கச் சொல்லித் தருபவர்கள் பாடசாலை நாளை நினைப்பதில்லை. ஆனால் இரண்டும் ஒரே அடுப்பில் நடக்கிற வேலை.

அதனால் நான் எந்தச் சாப்பாட்டையும் இரண்டு விஷயங்களை வைத்துத்தான் எடைபோடுகிறேன். விடியற்காலையில் அது எவ்வளவு நேரம் பிடிக்கும்? வெங்காயம், உள்ளி, உப்பு, தூள் எல்லாம் விழுவதற்கு முன் அதிலிருந்து நாய்க்கும் பூனைக்கும் ஒரு பங்கை எடுத்துவிடலாமா?

இரண்டாவது கேள்வியை நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. வெங்காயமும் உள்ளியும் நாய், பூனை இரண்டின் சிவப்பணுக்களையும் உடைக்கும். பச்சையாக இருந்தாலும் கறியில் வெந்திருந்தாலும் ஒன்றுதான். பூனைக்கு ஒரு கிலோ எடைக்கு 5 கிராம் வெங்காயமே பாதிப்பை உண்டாக்கப் போதும். 3 கிலோப் பூனைக்கு அது இரண்டு மூன்று சின்ன வெங்காயம். நாய் இதைவிட அதிகம் தாங்கும் என்றாலும், தினமும் கறிக்குழம்பில் பிசைந்த சோறு தின்னும் நாய்க்கு அது சிறிது சிறிதாகச் சேர்ந்துகொண்டே போகும். சோர்வு, முரசு வெளிறிப்போவது, சிறுநீர் கடும் நிறமாவது எல்லாம் சில நாள் கழித்துத்தான் தெரியும். அதற்குள் எதைத் தின்றதால் வந்தது என்று வீட்டில் யாருக்கும் நினைவிருக்காது.

பாண்

அடுப்பு மூட்டவே வேண்டாம் என்பதால் நேரத்தில் பாணை வெல்ல எதுவும் இல்லை. ஆனால் பட்டரும் ஜாமும் பூசிய பாணோடு போன பிள்ளைக்கு இடைவேளைக்கு முன்பே பசி வந்துவிடும். அதே பாணோடு பருப்புக் கறியோ முட்டையோ சேர்ந்தால் மதியம் வரை தாங்கும். நம் வீடுகளில் பருப்பு, வெங்காயம், பச்சை மிளகாய், உள்ளி எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு அவிப்பதுதான் வழக்கம். அதை மட்டும் கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள். முதல் நாள் இரவே பருப்பை மஞ்சள் மட்டும் போட்டு அவித்து, நாய்க்கு இரண்டு கரண்டி எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தை மூடி வையுங்கள். காலையில் தேங்காய்ப்பால் விட்டுத் தாளித்து இறக்கினால் சரி. ருசியில் ஒரு குறையும் வராது.

நாய்க்குப் பாண் வயிற்றை நிரப்பும், அவ்வளவுதான். அதைத் தேத்தண்ணியில் தோய்த்துக் கொடுக்கும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. தயவுசெய்து விட்டுவிடுங்கள். தேயிலையில் உள்ள கஃபீன் நாய்க்கு ஆகாது.

இடியப்பம்

பாடசாலை நாளில் வீட்டில் பிழிவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். அக்கம்பக்கத்தில் அவித்து விற்கும் அம்மாக்களிடம் வாங்கினால் அவர்களுக்கும் வருமானம், நமக்கும் நேரம் மிச்சம். சொதி வைத்தால் போதும். வீட்டில் இருந்து சாப்பிடும் சின்னப் பிள்ளைக்கு இதைவிட இதமான காலைச் சாப்பாடு கிடையாது.

சாப்பாட்டுப் பெட்டியில்தான் இடியப்பம் தோற்றுப்போகிறது. இடைவேளைக்குள் காய்ந்து நூல் நூலாகப் பிரிந்துவிடும். கூட வைக்கும் பச்சைத் தேங்காய்ச் சம்பலோ, கச்சான் காற்று வீசும் மாதங்களில் அதற்குள்ளேயே புளித்துவிடும். கட்டித்தான் ஆக வேண்டுமென்றால் தேங்காயை வறுத்து இடித்த சம்பல் வையுங்கள். சொதி, சம்பல் இரண்டிலும் வெங்காயம் இருப்பதால் பிராணிகளுக்கு இந்தச் சாப்பாட்டில் வெறும் இடியப்பம்தான் மிஞ்சும். அதில் அவற்றுக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை.

புட்டு

என் தேர்வு இதுதான். அரிசிமாவை விடுமுறை நாளில் வறுத்து, ஆறவிட்டுப் போத்தலில் அடைத்து வைத்தால் ஒரு கிழமைக்குப் பயமில்லை. கொஞ்சம் குரக்கன் மாவும் கலந்தால் பசி இன்னும் தாங்கும். காலையில் மாவைக் குழைத்துக் கொத்தி, தேங்காய்ப்பூ கலந்து நீத்துப்பெட்டியில் வைத்துவிட்டு, கீழே கொதிக்கிற பானைத் தண்ணீரிலேயே கழுவிய முட்டைகளைப் போட்டுவிடுங்கள். புட்டு அவிந்து முடியும்போது முட்டையும் அவிந்திருக்கும். தனி அடுப்பு வேண்டாம், தனிச் சட்டி கழுவவும் வேண்டாம். பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்று, நாய்க்கும் பூனைக்கும் ஒன்றைப் பிரித்துக் கொடுக்கலாம்.

முதல் நாள் மீன்குழம்பு மிச்சமிருந்தால் புட்டோடு அதற்கு ஈடு வேறில்லை. இல்லாவிட்டால் வாழைப்பழமும் சீனியும். பெட்டியில் கட்டும்போது கட்டிப் பருப்பைப் புட்டோடு பிசைந்தே வைத்தால் தொண்டையில் அடைக்காது. பருப்புப் பிசையாத புட்டில் ஒரு பிடி நாய்க்கும் போடலாம். தேங்காய்ப்பூ அளவோடு இருந்தால் பிழையில்லை.

சோறு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பெரியவர்களும் வேலைக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு போகிற வீடென்றால், அதிகாலையில் ஒரே சமையலாகச் சோறும் ஒரு கறியும் வைப்பதுதான் புத்தி. எல்லாம் பிந்திப்போன நாளுக்குச் சமபோஷச் சத்துமா இருக்கிறது. தேங்காய்ப்பூவும் சீனியும் சேர்த்துக் கொஞ்சம் சுடுதண்ணீர் தெளித்து உருண்டை பிடித்தால் சில நிமிட வேலை. அவசரத்துக்கு நல்லது, ஆனால் அதையே ஒவ்வொரு நாளும் கொடுத்தால் பிள்ளைகளுக்குச் சலித்துவிடும்.

நாயின் சட்டியில் எது?

மூன்று வழி இருக்கிறது. வீட்டு மிச்சம், தனியாக அவித்த சாப்பாடு, கடையில் விற்கும் பக்கற் உணவு.

வீட்டு மிச்சத்தை நான் முதலிலேயே தள்ளிவிடுகிறேன். வெங்காயக் கதை மேலே சொன்னதுதான். அதோடு உப்பும் தூளும், கறியில் வெந்த கோழி எலும்பும். வெந்த எலும்பு கூராகப் பிளந்து குடலைக் கிழிக்கும். கேக்கில் போடும் பிளம்ஸும் (உலர்ந்த திராட்சை) சொக்லேற்றும் நாய்க்கு நஞ்சு என்பதைப் பிள்ளைகளுக்கு ஒருமுறை தெளிவாகச் சொல்லி வைப்பது நல்லது. பாசத்தில் தங்கள் பங்கை ஊட்டிவிடுகிறவர்கள் அவர்கள்தான்.

தனியாக அவிப்பதே நமது ஊருக்குப் பொருந்தும். கரைவலை மீன் வந்திறங்கும் கரையில் சூடையும் சாளையும் பெரிய மீன்களைவிட மலிவாகக் கிடைக்கும். குடலை எடுத்துக் கழுவி, உப்பில்லாமல் பிரஷர் குக்கரில் மெல்லிய நெருப்பில் அரை மணிநேரம் விட்டால் முள் விரலால் நசுங்கும் அளவுக்கு மென்மையாகிவிடும். இதில் இரண்டு லாபம். வெறும் சோறும் மீன் சதையும் தின்னும் நாய்க்குக் கல்சியம் போதாது. நசுங்கிய முள் அந்தக் குறையை நிரப்பும். அடுத்தது, இந்த வகை மீன்கள் சிலவற்றில் உயிர்ச்சத்து பி1ஐ அழிக்கும் நொதி ஒன்று உண்டு. பச்சையாகக் கொடுத்தால் கெடுதல், வெந்தால் நொதி செயலிழந்துவிடும். பாரை போன்ற பெரிய மீனின் முள் இப்படி மென்மையாகாது, அதை ஆய்ந்து எறிந்துவிட வேண்டும். சோறும் ஒரு துண்டு பூசணியும் மீனும் சேர்த்துப் பிசைந்தால் நாயின் சாப்பாடு தயார். நாய்க்குச் சோறே கூடாது என்று சிலர் சொல்வது சரியல்ல. மனிதனோடு வாழப் பழகிய நாய்கள் மாப்பொருளைச் செரிக்கும் திறனை ஓநாயைவிட அதிகம் பெற்றிருப்பதை 2013இல் நேச்சர் இதழில் வந்த சுவீடன் ஆய்வு மரபணுவிலேயே காட்டியது. ஆனால் சட்டி முழுக்கச் சோறாக இருக்கக்கூடாது. அரைவாசியாவது மீனோ முட்டையோ இறைச்சியோ வேண்டும்.

பக்கற் உணவில் சத்துக் கணக்கு சரியாக இருக்கும், நேரமும் மிச்சம். விலைதான் கையைக் கடிக்கும். எங்கள் வெக்கைக்குத் திறந்த பெரிய பக்கற் கொழுப்புக் காறிப் போய்விடும், எறும்பும் ஏறும். வாங்கினால் சிறிதாக வாங்கி இறுக்கி மூடி வையுங்கள்.

பூனையின் கணக்கு வேறு

பூனை சிறிய நாய் அல்ல. அது முழுக்க மாமிச உண்ணி. டோரின் என்ற சத்து தினமும் உணவிலிருந்தே கிடைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் கண்ணும் இதயமும் கெடும். அதனால் நாய்க்குத் தனி அவியல் வென்ற இடத்தில், பூனைக்கு நான் பாதிக்குப் பாதி என்பேன். ஒரு நேரம் அவித்த மீன், சோறு பெயருக்கு மட்டும். மற்ற நேரம் பூனைக்கென்றே செய்த பக்கற் உணவு. நாயின் பக்கற்றைப் பூனைக்கு வைத்தால் போதாது. பால்மா கரைத்து ஊற்றுவதும் வேண்டாம், வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு வயிறு கழியும். மீன் ரின்னில் உப்பும் தக்காளிச் சாறும் இருப்பதால் அதுவும் சரிவராது.

மருந்து விஷயத்திலும் இதே வேறுபாடுதான். நாயின் உண்ணிக்கு விற்கும் பெர்மெத்ரின் கலந்த மருந்து பூனையைக் கொன்றுவிடும். காய்ச்சலாக இருக்கிறதே என்று பனடோல் கொடுத்தால் ஒரு குளிசையே போதும், பூனை பிழைக்காது. உண்ணிக்கு மண்ணெண்ணெய் பூசுவது இரண்டுக்குமே கொடுமை. கால்நடை வைத்தியரிடம் எடை பார்த்து வாங்கும் மருந்துதான் கடைசியில் மலிவு.

விசர்நாய்த் தடுப்பூசியில் ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இல்லை, வருடாவருடம் போட்டே ஆக வேண்டும். சாப்பாடு வைக்கும் அவசரத்தில் பிள்ளையின் கையில் பல்லோ நகமோ பட்டால், ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். பாடசாலை ஒரு நாள் தவறினால் பரவாயில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெட்டியில் மிஞ்சியதைப் பொலித்தீனோடு கட்டித் தெருவில் போடாதீர்கள். நாய்கள் மட்டுமல்ல, கோட்டைப் பக்கத்திலிருந்து இறங்கி வரும் புள்ளிமான்களும் அதைக் கிளறித் தின்னுகின்றன.

விரத நாளில்

வெள்ளிக்கிழமையும் கந்தசஷ்டி ஆறு நாளும் சைவச் சமையல் நடக்கும் வீட்டில் மீன் அவிக்க முடியாது. பிள்ளைகளுக்குப் புட்டும் அவித்த கடலையும் இருக்கும். நாய்க்குச் சோறு, தாளிக்காத பருப்பு, கொஞ்சம் தம்பலகாமத்துத் தயிர் போதும். அந்தச் சில நாளில் அதற்கு ஒன்றும் ஆகாது. பூனையை அப்படி விடக்கூடாது. அந்த நாட்களுக்கென்று பூனை உணவுப் பக்கற் ஒன்றைத் தனியாக ஒதுக்கி வையுங்கள். மார்கழியில் கடல் கொந்தளித்து மீன் விலை ஏறும்போதும் அதுவே கைகொடுக்கும்.