வீட்டில் செய்த மரக் கடிகாரங்கள்: சாரலில் எது ஓடியது, எது நின்றது

மரக் கடிகாரம் செய்யப் போகிறேன் என்று யாராவது சொன்னால் அடுத்த கேள்வி மெஷின் (முள்ளை ஓட்டுகிற உள்பாகம்) எங்கே வாங்குவது, டிசைன் எங்கே கிடைக்கும் என்பதாகத்தான் இருக்கிறது. சில வருஷமாகப் பாளையங்கோட்டையில் மொட்டைமாடிக் கொட்டகையில் கடிகாரமும் சில்லறைச் சாமான்களுமாகச் செய்து, பாதிக்கு மேல் சொந்தக்காரர்கள் வீட்டுச் சுவர்களில் மாட்டிவிட்டு, போகும்போதெல்லாம் அவை என்ன கதியில் இருக்கின்றன என்று பார்த்து வருகிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், மெஷினைப் பற்றிக் கவலை வேண்டாம். மரத்துக்குள் இருக்கிற ஈரம்தான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது, அதுவும் நம்ம பக்கத்தில்.

ஏன் நம்ம பக்கம் என்றால், ஒன்றரை மணி நேர பஸ் தூரத்துக்குள் இரண்டு வானிலை இங்கே. சித்திரை, வைகாசியில் பாளையங்கோட்டை வெயிலுக்குக் கதவெல்லாம் காய்ந்து இடுக்கு விடும். ஆனி, ஆடியில் எங்களுக்கு வருவது வெறும் காற்று. தென்காசி, இலஞ்சி, செங்கோட்டைப் பக்கம் அதே காற்று சாரலோடு வரும், அங்கே ஜன்னல் கதவை அடைத்தால் திறக்க முடியாது, திறந்தால் அடைக்க முடியாது. (2019இல் தென்காசி தனி மாவட்டம் ஆகிவிட்டது, சாரலுக்கு அது தெரியாது.) ஒரே பலகையில் அறுத்த இரண்டு வட்டங்களில் ஒன்று என் வீட்டில், இன்னொன்று இலஞ்சியில் அக்கா வீட்டில். இரண்டும் ஒரே மாதிரி வயதாகவில்லை.

மரம் நீளவாக்கில் அநேகமாக அசையாது. ஆட்டமெல்லாம் குறுக்குவாட்டில்தான். பச்சையாக இருந்து முழுக்கக் காய்வதற்குள் தேக்கு, மரத்தின் ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் 6 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகச் சுருங்கும். நடுவிலிருந்து வெளியே போகிற திசையில் 2.5 சதவீதம்தான். குறைவாகச் சுருங்குவதற்குப் பேர்போன தேக்கே இப்படி என்றால் மற்றதை யோசித்துக்கொள்ளுங்கள். அடிமரத்தை முறுக்கு மாதிரி வட்டமாக நறுக்கி, பட்டையோடு பாலிஷ் போட்டு விற்கிறார்களே, அந்தக் கடிகாரங்கள் விளிம்பிலிருந்து நடு வரைக்கும் முக்கோணமாகப் பிளப்பது இந்த வித்தியாசத்தால்தான். சுற்றளவு சுருங்கும் அளவுக்கு ஆரம் சுருங்காது, எங்காவது வாய் பிளந்துதானே ஆகவேண்டும். பிசின் ஊற்றி அடைத்தாலும் அடுத்த கோடையில் பக்கத்தில் இன்னொரு விரிசல் வரும். பார்க்க அழகு, ஆனால் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

அம்பாசமுத்திரத்தில் கடைசல் பட்டறை வைத்திருக்கிற ஒருவர், மரச் செப்புச் சாமான் செய்கிறவர், நான் கேட்டதற்குச் சொன்னது இவ்வளவுதான்: "அண்ணாச்சி, மரத்த வாங்கிப் போட்டுட்டு ஒரு கோடையும் ஒரு சாரலும் பாக்க விடுங்க. பொறவு ரம்பத்த வைங்க." ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம் நிழலில் காய வேண்டும் என்பது பொதுக்கணக்கு. அதற்குப் பொறுமை இல்லாதவர்களுக்குப் பழைய மரம்தான் வழி. திருநெல்வேலி டவுனிலும் சுற்று ஊர்களிலும் பழைய வீடுகளை இடிக்கும்போது நிலை, கதவு, உத்தரம், கைமரம் எல்லாம் பழைய மரக்கடைக்கு வரும். இரண்டு தலைமுறை காய்ந்த தேக்கு அது, இனிமேல் புதிதாக எங்கேயும் வளையப் போவதில்லை. கையோடு ஒரு நல்ல காந்தம் கொண்டுபோங்கள், பழைய ஸ்பீக்கரில் கழற்றியது போதும். பலகை முழுக்கத் தடவிப் பார்த்துவிட்டு வாங்குங்கள், உள்ளே முறிந்து கிடக்கிற ஒரு ஆணி போதும் இழைப்புளி நாக்கைப் பல் பல்லாக்க. தேக்கில் மணல் சத்தும் உண்டு என்பதால் ஆணி இல்லாவிட்டாலும் நாக்கு சீக்கிரம் மழுங்கும், சாணைக்கல் பக்கத்திலேயே இருக்கட்டும். எண்ணெய்ப் பசையுள்ள மரம் வேறு, பெவிகால் போடுமுன் ஒட்டுகிற முகத்தைத் தின்னர் துணியால் துடைக்காவிட்டால் ஒட்டு நிற்காது.

தேக்குக்கு அடுத்து எனக்குப் பிடித்தது பூவரசு. வெளிப்பக்க வெள்ளையை ஒதுக்கிவிட்டு நடுவிலுள்ள வைரத்தை மட்டும் எடுத்தால் சாக்லேட் நிறத்தில் வரும், நுண்ணிய இழை, உப்புத்தாளுக்கு நன்றாக மசியும். வேம்பு வலுவான மரம்தான், ஆனால் இழை மாறி மாறி ஓடுவதால் இழைக்கும்போது பிய்த்துக்கொண்டு வரும். ரப்பர் மரம் மலிவு; மருந்தேற்றாததை வாங்கினால் அதிலுள்ள மாவுச்சத்துக்கு வண்டு வந்து, கடிகாரத்துக்குக் கீழே தினமும் காலையில் மாவு கொட்டிக் கிடக்கும். மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த எம்டிஎப் பலகை பாளையங்கோட்டைக்குச் சரி. சாரல் ஊருக்கு வேண்டவே வேண்டாம், விளிம்பு ஊறிய பிஸ்கட் ஆகிவிடும்.

சரி, மெஷின். பேட்டரி மெஷின் நூறு நூற்றைம்பது ரூபாய்க்குக் கிடைப்பதே போதும். உள்ளே இருக்கிற குவார்ட்ஸ் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிரும், அதைப் பாதி பாதியாகப் பதினைந்து தடவை பிரித்தால் நொடிக்கு ஒன்று. விலை உயர்ந்ததிலும் இதே கதைதான். வாங்கும்போது பார்க்க வேண்டியது நடுத்தண்டின் நீளம்: பலகைக் கனத்தைவிட மரை நாலைந்து மில்லிமீட்டராவது வெளியே வரவேண்டும், இல்லாவிட்டால் பின்பக்கம் குடைந்து பலகையை மெலிதாக்கிக்கொள்ளுங்கள். டிக் டிக் சத்தம் பிடிக்காதவர்கள் முள் வழுக்கிக்கொண்டே ஓடும் மெஷினைக் கேட்டு வாங்கலாம், ஏனென்றால் மரப்பெட்டி அந்தச் சத்தத்தைப் பெரிதாக்கும், ராத்திரி படுக்கையறையில் நன்றாகவே கேட்கும். மர முள் வைப்பவர்களுக்கு ஒன்று. கனமான பெரிய முள் ஆறிலிருந்து பன்னிரண்டுக்கு ஏறும்போது மெஷின் திணறும், முக்கால் மணிப் பக்கம் தயங்கித் தயங்கிக் கடைசியில் நின்றே போகும். பேட்டரி தீர்ந்துவிட்டது என்று மாற்றிக்கொண்டே இருப்பார்கள். முள்ளின் வால்பக்கத்தை நீட்டி, பின்னால் ஒரு சின்ன ஈயத்துண்டு ஒட்டி, இரண்டு பக்கமும் எடை சமமானால் மலிவு மெஷினே இழுத்துவிடும்.

இனி பல்சக்கரக் கடிகாரம், முழுக்க மரத்தில், எடை தொங்கவிட்டு ஊசலில் ஓடுவது. இது வேறு நோய். மரச் சக்கரம் நாள்பட உழைக்காது என்று சொல்கிறவர்களிடம் நான் சொல்வது ஜான் ஹாரிசனைத்தான். கடலில் தீர்க்கரேகை காண உதவிய கடிகாரம் செய்த அதே ஆள், பிழைப்புக்குத் தச்சர். 1713இல் அவர் செய்த முதல் கடிகாரத்தில் ஓக் மரச் சக்கரங்கள்தான். இங்கிலாந்தில் பிராக்கில்ஸ்பி பார்க்கில் 1722 வாக்கில் அவர் செய்து வைத்த குதிரை லாயக் கடிகாரம் இன்னும் ஓடுகிறது. அவர் செய்த வேலை என்னவென்றால், பல்லுக்கு வரும் மரத்தைத் தனித் துண்டுகளாக எடுத்து, இழை வெளியே பார்த்து நிற்கும்படி சக்கரத்தைச் சுற்றிப் பதித்தார், பல் முறியாது. அச்சு உராயும் இடத்துக்குத் தானே எண்ணெய் கசியும் மரத்தைப் போட்டார். அமெரிக்காவில் ஈலை டெர்ரி 1807 வாக்கில் ஒரே ஒப்பந்தத்தில் 4,000 மரக் கடிகார மெஷின்கள் செய்ய ஏற்றுக்கொண்டு, செய்தும் முடித்தார். ஆக மரம் தாங்கும்.

நமக்கு அந்த அளவு கைவேலை வராது என்பதால் ஒட்டுப்பலகை, அதாவது பிளைவுட். அடுக்கடுக்காக இழை மாற்றி ஒட்டியிருப்பதால் எல்லாப் பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி நடந்துகொள்ளும். முழுப் பலகையில் அறுத்த சக்கரம் ஒன்றைச் சோதனைக்கென்றே இலஞ்சியில் வைத்திருக்கிறேன், சாரல் காலத்தில் கவராயத்தை வைத்துப் பார்த்தால் முட்டை வடிவம் கண்ணுக்கே தெரியும். சாதாரணக் கமர்ஷியல் பிளையை அறுத்தால் உள்ளே பொந்து இருக்கும், பல் அந்த இடத்தில் வந்தால் பொட்டென்று போகும். பிர்ச் பிளை கிடைத்தால் அதையே வாங்குங்கள், இல்லாவிட்டால் மரைன் பிளை.

கணக்கு ஒன்றும் பெரிதில்லை. ஒரு பக்கம் போக ஒரு நொடி, திரும்பி வர ஒரு நொடி எடுக்கும் ஊசலுக்கு நீளம் 99.4 சென்டிமீட்டர். தப்புச்சக்கரத்தில் (ஊசல் ஒவ்வொரு பல்லாக விடுவிக்கிற சக்கரம்) 30 பல் வைத்தால் அது நிமிஷத்துக்கு ஒரு சுற்று. அங்கிருந்து பெரிய முள்ளுக்கு அறுபதில் ஒன்றாகக் குறைக்க வேண்டும்: 8 பல் பினியனுக்கு (சின்னப் பல்சக்கரம்) 60 பல் சக்கரம், அடுத்த 8 பல் பினியனுக்கு 64. ஊசல் குண்டுக்கு அடியில் ஒரு எம்-6 நட்டு போட்டால் அதன் மரை இடைவெளி ஒரு மில்லிமீட்டர், ஒரு முழுச் சுற்றுக்கு நாளைக்கு 43 நொடி கூடும் அல்லது குறையும். ஊசல் தண்டுக்கு இரும்புக் கம்பி வேண்டாம், நேரிழையுள்ள மரக்குச்சியே மேல். இரும்புத் தண்டு ஒரு டிகிரி வெப்பம் கூடினால் நாளைக்கு அரை நொடி பின்தங்கும், மரம் நீளவாக்கில் அதில் பாதிகூட நீளாது. கத்திரி வெயிலுக்கும் மார்கழிக்கும் இடையில் இது நன்றாகத் தெரிகிறது. ஆனால் தண்டுக்கு இரண்டு கை அரக்கு பாலிஷ் அடிக்க வேண்டும், ஈரம் அதிலும் விளையாடும்.

அச்சுக்கு சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி, அது சுழலும் துளைக்குப் பித்தளைக் குழாய்த் துண்டு, எடை தொங்கவிடத் தங்கூசி (நைலான் நரம்பு). பல்லுக்கு எண்ணெய் மட்டும் போடவே கூடாது. மரம் குடித்து உப்பும், தூசி வந்து ஒட்டும், ஆடிக்காற்றில் எங்கள் தெருவில் பறக்கிற மண்ணுக்கு ஒரே வாரத்தில் களிம்பாகிவிடும். பென்சில் கரியைத் தேய்த்துவிட்டால் போதும். பற்களுக்கு இடையில் கணக்கு சொல்வதைவிடக் கொஞ்சம் தாராளமாக இடைவெளி விட்டு, சக்கரத்துக்கு இரண்டு முகத்திலும் அரக்கு பூசிவிட்டால் சாரல் ஊரிலும் ஓடுகிறது. அக்கா வீட்டில் இருப்பது அப்படித்தான் ஓடுகிறது, சாரல் உச்சத்தில் மட்டும் அவ்வப்போது நிற்கும், அத்தான் ஒரு தட்டு தட்டிவிடுவார். நேரம் பார்க்க அவர்கள் செல்போனைத்தான் பார்க்கிறார்கள் என்பது தனி விஷயம். அவசரத்துக்கு மணி தெரிய வேண்டும் என்றால் பேட்டரி மெஷின், பிள்ளைகளுக்குப் பல் எப்படிப் பல்லைத் தள்ளுகிறது என்று காட்ட வேண்டும் என்றால் இது.

எண்களைத் தமிழில் வெட்டித் தரச் சொல்லி நிறையப் பேர் கேட்கிறார்கள், அழகாகத்தான் இருக்கிறது. பத்துக்கு ௰, பதினொன்றுக்கு ௰௧, பன்னிரண்டுக்கு ௰௨ என்று போடுங்கள், ஒன்றையும் சைபரையும் சேர்த்துப் போட்டுவிட்டுப் பழைய முறை என்று சொல்கிற டயல்கள் சந்தையில் நிறைய உலாவுகின்றன.

மிச்சம் விழுகிற துண்டுகளில் செய்தவற்றில் நிலைத்தது பல்லாங்குழியும் மணைக்கட்டையும்தான். பல்லாங்குழிக்குப் பதினான்கு குழியையும் கைத் துரப்பணத்தில் பாதி எடுத்து, வளைந்த உளியால் முடிக்க வேண்டும், ஆச்சி வீட்டில் இன்னமும் புளியங்கொட்டையோடு புழக்கத்தில் இருக்கிறது. அஞ்சறைப் பெட்டி ஒன்று மதினிக்குச் செய்துகொடுத்தேன், மூடி சாரலுக்கு இறுகி வெயிலுக்குத் தளர்கிறது என்று திரும்ப எவர்சில்வருக்குப் போய்விட்டார், அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சப்பாத்திக் கட்டை, காய் நறுக்கும் பலகைக்குத் தேங்காய் எண்ணெய் தடவச் சொல்வார்கள். கொஞ்ச நாளில் காறல் வாடை வரும். காய்ந்து இறுகுகிற ஆளிவிதை எண்ணெய் தேவலை, மெலிதாகத் தடவி ஒரு வாரம் உலரவிட வேண்டும், துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாமல் விரித்துக் காயப்போட வேண்டும், அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய எண்ணெய்.

கருவி என்று பார்த்தால் ஆரம்பத்துக்கு ஒரு ஜிக்சா, ஒரு டிரில், நல்ல இழைப்புளி, மூலைமட்டம், 80, 120, 220 உப்புத்தாள், நாலு கிளாம்ப். லேத்து வாங்கவே வேண்டாம், உருட்டு வேலை எது வந்தாலும் அம்பாசமுத்திரம் கொண்டுபோய்க் கொடுத்தால் கடைசல் பிடித்து, சுற்றுகிற சூட்டிலேயே அரக்கை உருக்கி நிறமேற்றி வாங்கி வந்துவிடலாம், நாம் வீட்டில் எத்தனை வருஷம் பழகினாலும் அந்த மினுக்கு வராது.