‘எச்டிஎம்ஐ போர்டு போச்சு’ என்று சொன்னால் கொஞ்சம் பொறுங்கள்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் என்று கேரள–தமிழ்நாடு எல்லைப் பக்கம் இருப்பவர்கள் இதைப் படித்தால் நல்லது. ஹோம் தியேட்டர் ரிசீவருக்கு (பெரிய ஸ்பீக்கர்களுக்குச் சத்தம் கொடுக்கிற பெட்டி) ரிப்பேர் என்று 7,300 ரூபாய் கொடுத்தேன். அதற்கு மேல் டிவிக்கு 3,000 ரூபாய் அட்வான்ஸ். ரிசீவரிலும் ரிப்பேர் இல்லை, டிவியிலும் ரிப்பேர் இல்லை. கடையின் பேரை இங்கே போடவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. பேர் தெரிவதைவிட அவர்கள் செய்த வித்தை தெரிவதுதான் உங்களுக்கு உதவும்.

முதலில் எங்கள் வீட்டு அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். செட்டாப் பாக்ஸும் பழைய டிவிடி பிளேயரும் ரிசீவரில் சொருகியிருக்கும். ரிசீவரிலிருந்து ஒரே ஒரு எச்டிஎம்ஐ கேபிள் (படமும் சத்தமும் சேர்ந்து போகிற கேபிள்) டிவிக்குப் போகும். இன்டர்நெட்டில் படம் பார்க்கிற ஸ்டிக் மட்டும் நேராக டிவியின் பின்னால். அதற்கு கரண்ட் டிவியின் யுஎஸ்பி ஓட்டையிலிருந்தே எடுத்திருந்தேன். அடாப்டருக்கு பிளக் பாயிண்ட் இல்லை, அதனால் செய்த சோம்பேறித்தனம். பின்னால் வந்த வினைக்கெல்லாம் அதுதான் விதை.

ஐப்பசி மழை நேரம். அம்மா சாயங்காலம் சீரியலுக்கு டிவியைப் போடுவார். செட்டாப் பாக்ஸில் சேனல் வரும். அரை நிமிடம் கழித்து, யாரும் எதையும் தொடாமல், திரை தானாக ஸ்டிக்கின் முகப்புக்குத் தாவிவிடும். மறுபடி இன்புட்டை மாற்ற வேண்டும். தினமும் இதே கதை. “டிவிக்குப் பேய் பிடிச்சிருக்கு, நான் மொபைல்லயே பாத்துக்கறேன்” என்று அம்மா சொன்ன நாளில் ஆள் கூப்பிட்டேன்.

எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில் உள்ள ஒரு கடை. வந்த தம்பி நல்ல மரியாதையாகப் பேசினார். டிவி ரிமோட்டை வாங்கி மெனுவுக்குள் போய் ஏதோ அழுத்தினார். அப்புறம் ரிசீவரைத் தட்டிப் பார்த்தார். “போன வாரம் இடி விழுந்துச்சுங்களா அண்ணா?” என்றார். விழுந்தது. ஐப்பசியில் பாலக்காட்டுப் பக்கம் இடி விழாத வாரம் ஏது? “அதாங்க. எச்டிஎம்ஐ போர்டு அடி வாங்கிருச்சு.” அதாவது, ரிசீவருக்குள் எச்டிஎம்ஐ கேபிள்கள் சேரும் சர்க்யூட் பலகை.

நம்பினேன், ஏனென்றால் அது முழுப் பொய்யும் இல்லை. மின்னல் அடித்தால் கேபிள் வழியாக வந்து எச்டிஎம்ஐ போர்ட் (கேபிள் சொருகும் ஓட்டை) எரிவது உண்மையிலேயே நடக்கிற விஷயம். பக்கத்து வீட்டில் ஒரு தடவை செட்டாப் பாக்ஸே போயிருக்கிறது.

ரிசீவரைத் தூக்கிக்கொண்டு போனார். ஆறு நாள். திரும்பி வந்ததும் போர்டுக்கு 5,500, ‘2.1 கோல்டு கேபிள்’ ஒன்றுக்கு 1,800. பில் கேட்டால் “பில் போட்டா ஜிஎஸ்டி சேரும்ணா” என்று விசிட்டிங் கார்டின் பின்னால் ‘பெய்டு’ என்று எழுதிக் கொடுத்தார். பழைய போர்டைக் கேட்டேன். எக்ஸ்சேஞ்சில் போய்விட்டதாம். அங்கேயே நான் விழித்திருக்க வேண்டும். ஆனால் திரை தாவுவது நின்றுவிட்டதே! அம்மாவுக்குச் சந்தோஷம், எனக்கும் சந்தோஷம்.

நான்கு நாள் கழித்துதான் கவனித்தேன். செட்டாப் பாக்ஸ் சத்தம் பெரிய ஸ்பீக்கர்களில் வருகிறது. ஸ்டிக்கில் படம் போட்டால் மட்டும் டிவியின் சின்ன ஸ்பீக்கரில், தகர டப்பாவுக்குள் பேசுவது போல. டிவி ரிமோட்டில் வால்யூம் வைத்தால் ரிசீவர் அசையவில்லை. டிவியை அணைத்தாலும் ரிசீவர் அணையாமல் ராத்திரி முழுக்க ஓடி, காலையில் தொட்டால் சூடு. மறுபடி அவரையே கூப்பிட்டேன். இந்த முறை “டிவி போர்டுல ஏஆர்சி சிப் போச்சு, 9,000 ஆகும்” என்று அட்வான்ஸாக 3,000 வாங்கிக்கொண்டு போனார். டிவியை வந்து எடுக்க ஒரு வாரம் ஆகும் என்றார். அந்த ஒரு வாரம்தான் என்னைக் காப்பாற்றியது.

ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூரிலிருந்து மச்சினன் வந்தான். மண்டபங்களில் ஸ்பீக்கர், புரொஜெக்டர் பூட்டுவது அவன் தொழில். டிவி மெனுவைத் திறந்த பத்தாவது நொடி கேட்டான்: “மாமா, சிஇசியை யார் ஆஃப் பண்ணது?”

இந்த சிஇசி என்பதைப் புரிந்துகொண்டால் மிச்சம் எல்லாம் புரிந்துவிடும். எச்டிஎம்ஐ பிளக்கில் 19 பின் இருக்கிறது. அதில் 13-வது பின் படத்துக்கோ சத்தத்துக்கோ இல்லை. சாதனங்கள் ஒன்றோடு ஒன்று பேசிக்கொள்ள மட்டும். ‘நான் ஆன் ஆகிவிட்டேன், திரையை எனக்குக் கொடு’ என்று ஸ்டிக் டிவியிடம் சொல்வதும், டிவி ரிமோட்டின் வால்யூமை ரிசீவர் கேட்பதும், ஒன்றை அணைத்தால் எல்லாம் அணைவதும் இந்த ஒரு கம்பியில்தான். டிவி மெனுவில் சிஇசி என்றே போட்டிருக்க மாட்டார்கள். சாம்சங்கில் ‘எனிநெட் பிளஸ்’, எல்ஜியில் ‘சிம்ப்ளிங்க்’, சோனியில் ‘பிராவியா சிங்க்’ என்று ஆளுக்கொரு பேர். எல்லாம் ஒரே சரக்கு.

எங்கள் வீட்டுப் பேய் இதுதான். ஸ்டிக்குக்கு டிவியின் யுஎஸ்பியிலிருந்து கரண்ட். டிவியை அணைத்தால் ஸ்டிக்கும் செத்துவிடும். போட்டால் புதிதாக பூட் ஆகும், அரை நிமிடம் எடுக்கும், பூட் ஆனதும் திரையைக் கேட்கும். டிவியும் கொடுத்துவிடும். அம்மா சீரியல் போச்சு.

அந்தத் தம்பி முதல் நாளே ரிமோட்டை வாங்கி டிவியின் சிஇசியை மொத்தமாக அணைத்திருக்கிறார். திரை தாவுவது அப்போதே நின்றிருக்கும். அதற்குப் பிறகுதான் ‘போர்டு போச்சு’. தெரியாமல் சொன்னார் என்று நினைக்க எனக்கும் ஆசைதான். ஆனால் சரியான மெனுவுக்குள் போய் சரியான ஒன்றை மட்டும் அணைத்தவருக்கு என்ன கோளாறு என்று தெரியாமல் இருக்குமா?

இரண்டாவது கோளாறு அவர் கை வைத்ததால் வந்தது. டிவியின் சத்தத்தை அதே கேபிளில் ரிசீவருக்குத் திருப்பி அனுப்புகிற வசதிக்குத்தான் ஏஆர்சி என்று பேர். 2009-இல் எச்டிஎம்ஐ 1.4-உடன் வந்தது. பல டிவிகளில் சிஇசியை அணைத்தால் ஏஆர்சியும் சேர்ந்து அணைந்துவிடும். எங்கள் டிவியும் அந்த ரகம். எந்தச் சிப்பும் போகவில்லை. அந்த 1,800 ரூபாய் கேபிளும் தண்டம். சாதாரண ஏஆர்சிக்கு வீட்டில் கிடக்கிற நல்ல எச்டிஎம்ஐ கேபிளே போதும்.

சரிசெய்ய இருபது நிமிடம் கூட ஆகவில்லை. டிவியில் சிஇசியை மறுபடி ஆன் செய்தான். ரிசீவர் மெனுவிலும் எச்டிஎம்ஐ கன்ட்ரோல் ஆன். ஸ்டிக்கில் மட்டும் சிஇசியை ஆஃப் செய்து, டிவி யுஎஸ்பியிலிருந்து பிடுங்கி அதன் சொந்த அடாப்டரில் மாட்டினான் (எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் 250 ரூபாய்). ரிசீவர் கேபிள் டிவியில் ‘ஏஆர்சி’ என்று எழுதியிருக்கும் போர்ட்டில்தான் இருக்கிறதா என்று பார்த்தான். நான்கு போர்ட் இருந்தாலும் பெரும்பாலும் ஒன்றில்தான் அந்த வசதி இருக்கும். டிவியின் சவுண்ட் அவுட்புட்டை ரிசீவருக்கு மாற்றினான். கடைசியாக எல்லாவற்றையும் சுவரிலிருந்தே பிடுங்கி ஐந்து நிமிடம் விட்டு, முதலில் டிவி, பிறகு ரிசீவர், பிறகு மற்றவை என்று போட்டான். இப்படிப் பிடுங்கிப் போட்டாலே பாதி வீடுகளில் பிரச்சினை தீர்ந்துவிடும் என்கிறான்.

அப்புறம் ரிசீவரின் மேல்மூடித் துளைகள் வழியாக மொபைல் டார்ச் அடித்துப் பார்த்தான். எச்டிஎம்ஐ போர்டு பின்பக்கம் மேலேயே தெரிகிறது. அதன் மேல் மூன்று வருடத் தூசி மெத்தை மாதிரி படிந்திருக்கிறது. மூலையில் ஒரு பல்லி முட்டை ஓடு, அதன் மேலும் தூசி. போன வாரம் மாட்டிய புது போர்டாம்! மூடியை நீங்களே கழற்றிப் பார்க்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கரண்ட் தங்கியிருக்கும். துளை வழியாகப் படம் எடுத்தாலே போதும்.

மறுநாள் கடைக்குப் போனேன். முதலாளி படத்தைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “நீங்க கேரளா, நாங்க தமிழ்நாடு, அங்கிருந்து இங்க கேஸ் எல்லாம் போட முடியாதுங்க” என்றார். எல்லைப் பக்கத்து ஆட்களை மடக்க இவர்கள் கையில் வைத்திருக்கிற பெரிய ஆயுதம் இதுதான். இதுவும் பொய். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34-வது பிரிவுப்படி நாம் குடியிருக்கிற ஊரின் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். எனக்குப் பாலக்காடு. கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்றும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். அதற்கு முன்னால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு போன் செய்து புகாரைப் பதிவு செய்தேன்.

பில் இல்லாததால் தவித்திருப்பேன். நல்லவேளையாக மூன்று தடவையும் ஜிபேயில் அனுப்பியிருந்தேன். ‘ரிசீவர் போர்டு’, ‘கேபிள்’, ‘டிவி அட்வான்ஸ்’ என்று குறிப்போடு இருக்கிறது. நோட்டாகக் கொடுத்திருந்தால் விசிட்டிங் கார்டை வைத்துக்கொண்டு என்ன செய்திருப்பேனோ தெரியவில்லை.

1915-இல் பதிவான மூன்றாவது நாள் டிவி அட்வான்ஸ் 3,000 பேசாமல் கணக்குக்கு வந்துவிட்டது. மிச்சம் 7,300-க்கு “போர்டு மாத்தினது மாத்தினதுதான்” என்றே நிற்கிறார்கள். பாலக்காட்டு ஆணையத்துக்கு மனு எழுதி வைத்திருக்கிறேன், அடுத்த வாரம் கொடுக்கிறேன். அதுவரை ரிசீவரைத் தூசி தட்டக் கூடாது என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். அம்மாவுக்குத்தான் கை அரிக்கிறது.