பவர் பேங்கா, புது பேட்டரியா, செட்டிங்ஸா? போன் ஒரு நாள் தாங்க எது உதவும்

சாயங்காலம் ஆறரை மணி. சென்னை மெட்ரோவில் இறங்கி, வெளியே வரும் கதவருகே போனை எடுத்தால் திரை கறுப்பாகக் கிடந்தது. டிக்கெட்டின் கியூஆர் கோடு அதற்குள்தான் இருந்தது. பணமும் அதற்குள்தான். பர்ஸில் காசு வைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு எப்போதோ விட்டுப்போயிருந்தது. கவுன்ட்டரில் இருந்த பெண் தன் மேஜையிலேயே போனைச் சார்ஜில் போடச் சொல்லி, பத்து நிமிஷம் உட்கார வைத்தார். காலையில் பெருங்களத்தூரில் கிளம்பும்போது நூறு சதவீதம் இருந்த போன் அது. இதைச் சரிசெய்தே ஆக வேண்டும் என்று அந்தப் பத்து நிமிஷத்தில் முடிவு செய்தேன்.

அப்புறம் நாலைந்து மாதம், ஆளாளுக்குச் சொன்ன வழிகளையெல்லாம் செய்து பார்த்தேன். செட்டிங்ஸை மாற்றினேன், பவர் பேங்க் வாங்கினேன், ஆபீஸில் நடுவில் சார்ஜ் போட்டேன், கடைசியில் பேட்டரியையே மாற்றினேன். எது யாருக்கு உதவும் என்பதை அருகருகே வைத்துச் சொல்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது: போன் இரண்டரை, மூன்று வருஷம் பழசு என்றால், பவர் பேங்க் வாங்குவதற்கு முன்னால் பேட்டரியை மாற்றுங்கள். நிறையப் பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

செட்டிங்ஸ்: செலவில்லை, பலனும் ஓரளவுதான்

தொடங்க வேண்டிய இடம் இதுதான். செட்டிங்ஸில் பேட்டரி பக்கத்தைத் திறந்தால் எந்த ஆப் எவ்வளவு தின்றது என்று காட்டும். யாரோ சொல்லும் பத்து யோசனைகளைவிட அந்த ஒரு பக்கம் உங்கள் போனைப் பற்றி அதிகம் சொல்லும். என் போனில் எப்போதோ போட்டு மறந்த ஒரு கடை ஆப், நாள் முழுக்க லொகேஷனைக் கேட்டுக்கொண்டிருந்தது. அதை நீக்கியதே ஒரு பெரிய வேலை முடிந்த மாதிரி.

பொதுவாக அதிகம் தின்பது திரை. பிரைட்னஸைக் குறைப்பது, 120 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 120 தடவை புதுப்பித்துக்கொண்டு ஓடும் திரையை 60க்கு இறக்குவது, இரண்டும் பலன் தரும். டார்க் மோடு பற்றித்தான் பெரிய நம்பிக்கைகள் உலவுகின்றன. உங்கள் திரை எல்சிடி என்றால் டார்க் மோடால் மிச்சமாவது ஒன்றுமில்லை என்றே சொல்லலாம். பின்னால் இருக்கும் விளக்கு எப்படியும் எரிந்துகொண்டுதான் இருக்கும். ஓஎல்இடி என்றால் கறுப்பு இருக்கும் இடத்தில் புள்ளிகளே அணைந்துவிடும், அதனால் மிச்சம் உண்டு. ஆனால் எவ்வளவு? அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் 2021ல் அளந்து பார்த்தார்கள். பிரைட்னஸ் 30 முதல் 50 சதவீதம் இருக்கும்போது சராசரியாக 3 முதல் 9 சதவீதம்தான் மிச்சம். பிரைட்னஸை முழுசாக ஏற்றினால் அதுவே 39 முதல் 47 சதவீதம். அதாவது ஆபீஸுக்குள் டார்க் மோடு பெரிதாக ஒன்றும் செய்யாது. அண்ணா சாலை வெயிலில், திரை தானாக உச்சத்துக்கு ஏறும்போதுதான் அதன் வேலை தெரியும். அந்த வெளிச்சத்தில் கறுப்புத் திரையைப் படிக்கக் கண் கொஞ்சம் சிரமப்படும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

திரைக்கு அடுத்தது சிக்னல். இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. டவர் தூரமாக இருந்தாலோ நடுவில் கான்கிரீட் இருந்தாலோ, போன் தன் குரலை உயர்த்திக் கத்த வேண்டியிருக்கிறது; அதற்குச் சக்தி வேண்டும். வண்ணாரப்பேட்டையிலிருந்து சைதாப்பேட்டை வரை மெட்ரோ பூமிக்கடியில்தான் ஓடுகிறது. அந்தப் பாதையில் தினமும் போகும் என் போனில் சிக்னல் கோடுகள் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கும். 2022 அக்டோபரில் சென்னைக்கு 5ஜி வந்ததிலிருந்து இன்னொரு விஷயமும் சேர்ந்துகொண்டது. சில நெட்வொர்க்குகளில் 5ஜி தனியாக ஓடாது. 4ஜியையும் கூடவே பிடித்துக்கொண்டு, இரண்டு ரேடியோவையும் விழிக்க வைத்திருக்கும். 5ஜி சரியாகக் கிடைக்காத இடத்தில் வேலை பார்ப்பவர்கள் ஒரு வாரம் 4ஜியில் மட்டும் வைத்துப் பாருங்கள். எனக்கு டார்க் மோடைவிட இதில்தான் பலன் தெரிந்தது.

ஆப்களை வரிசையாகத் தள்ளி மூடுவதை மட்டும் விட்டுவிடலாம். அதனால் பேட்டரி மிச்சமாகாது என்று 2016லேயே ஆப்பிளின் கிரெய்க் ஃபெடரிகி, கூகுளின் ஹிரோஷி லாக்ஹைமர் இருவருமே சொல்லிவிட்டார்கள். மூடிய ஆப்பை மறுபடி முதலிலிருந்து திறக்கத்தான் கூடுதல் சக்தி போகும்.

இத்தனையும் செய்த பிறகு எனக்குக் கிடைத்தது ஒன்றரை மணி நேரம். மாலை ஆறரைக்கு அணைந்த போன் எட்டு வரை தாங்கியது. வீடு வந்து சேர அது போதாது.

பவர் பேங்க்: அட்டையில் உள்ள எண்ணை நம்பாதீர்கள்

எம்ஏஹெச் என்பது பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் எண். 10000 எம்ஏஹெச் பவர் பேங்க், 5000 எம்ஏஹெச் போன், ஆக இரண்டு தடவை முழு சார்ஜ் என்றுதான் நானும் கணக்குப் போட்டேன். வராது. அந்த 10000 உள்ளே இருக்கும் செல்லின் அளவு, அதுவும் 3.7 வோல்ட்டில். வெளியே வருவது 5 வோல்ட். அப்படி மாற்றும்போதே அளவு 7400க்கு இறங்கிவிடும். மாற்றும் சர்க்யூட்டில் சூடாக வீணாவதும் போகக் கைக்குக் கிடைப்பது 6000 சொச்சம். பவர் பேங்கின் பின்புறம் பொடி எழுத்தில் 'ரேட்டட் கெப்பாசிட்டி' என்று போட்டிருப்பது இதைத்தான். வாங்கும்போது பெரிய எண்ணை விட்டுவிட்டு இந்த எண்ணை ஒப்பிடுங்கள். போனின் 5000மும் 5 வோல்ட் கணக்கு இல்லை, செல்லின் கணக்குதான் என்பதால், 5000 எம்ஏஹெச் போனுக்கு நடைமுறையில் ஏறக்குறைய ஒன்றரைத் தடவை வரும்.

அடுத்து பார்க்க வேண்டியது பிஐஎஸ், அதாவது இந்தியத் தர நிர்ணய அமைப்பின் முத்திரை. இந்தியாவில் விற்கும் பவர் பேங்குக்கு அந்தப் பதிவு கட்டாயம். முத்திரையோடு ஆர் என்று தொடங்கும் ஒரு பதிவு எண் இருக்கும். நடைபாதைக் கடைகளில் பாதி விலைக்குக் கிடைப்பவற்றில் பல நேரம் இதைத்தான் காணோம். லித்தியம் செல்லை இடுப்பிலும் பையிலும் கட்டிக்கொண்டு நெரிசலான ரயிலில் போகிறோம். இருநூறு ரூபாய் மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் இது இல்லை. விமானத்தில் போகிறவர்கள் இதைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் கூடாது. 100 வாட்-அவர் (உள்ளே தேங்கும் மொத்தச் சக்தியின் அளவு) வரை தனி அனுமதி தேவையில்லை. 20000 எம்ஏஹெச் என்பது 74 வாட்-அவர்தான், அதனால் பயமில்லை.

குறை என்ன? எடை ஒன்று. வாரத்தில் இரண்டு நாளாவது அதைச் சார்ஜ் போட மறப்பது இன்னொன்று. மூன்றாவதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. பாண்ட் பாக்கெட்டில் போனையும் பவர் பேங்கையும் ஒட்டி வைத்து நடக்கும்போது இரண்டும் சேர்ந்து சூடாகின்றன, மே மாதம் என்றால் கேட்கவே வேண்டாம். அந்தச் சூடு ஏற்கெனவே தளர்ந்த பேட்டரியை இன்னும் சீக்கிரம் தளர வைக்கிறது. நோயைத் தள்ளிப்போட்டேனே தவிர, சரி செய்யவில்லை.

புது பேட்டரி: இதைத்தான் முதலில் செய்திருக்க வேண்டும்

பேட்டரி தேய்வதற்கு வயது, சார்ஜ் சுற்றுகள், சூடு என்று மூன்று காரணங்கள். ஒரு சுற்று என்பது மொத்தம் நூறு சதவீதம் செலவழிப்பது. இன்று ஐம்பது, நாளை ஐம்பது என்றாலும் ஒரு சுற்றுதான். ஐபோன் 14 வரையிலான மாடல்களின் பேட்டரி 500 சுற்றுக்குப் பிறகு 80 சதவீதக் கொள்ளளவு வைத்திருக்கும்படி வடிவமைக்கப்பட்டது என்று ஆப்பிளே சொல்கிறது. ஐபோன் 15க்கு அதை 1000 என்கிறது. தினமும் ஒரு சுற்று என்றால் 500 என்பது ஒன்றரை வருஷம்கூட இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் விற்பனைக்கு வரும் போன்களுக்கு 800 சுற்றுக்குப் பிறகும் 80 சதவீதம் நிற்க வேண்டும் என்று விதியே போட்டுவிட்டார்கள். அதே மாடல் இங்கே வந்தால் நமக்கும் நல்லது.

அப்புறம் சூடு. ஐபோனை 0 முதல் 35 டிகிரி வரையிலான இடத்தில் பயன்படுத்தச் சொல்கிறார்கள். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. அது அபூர்வம், சரி. ஆனால் மே, ஜூன் மாதங்களில் நண்பகலில் 35ஐத் தாண்டாத நாளைத்தான் இங்கே தேட வேண்டும். பைக் ஹேண்டிலில் போனை மாட்டி, மேப்பைத் திறந்து, பிரைட்னஸை முழுசாக வைத்து ஓஎம்ஆர் சாலையில் பகல் முழுக்க ஓட்டும் டெலிவரி தம்பிகளின் போன்கள் என்ன பாடுபடும் என்று யோசித்துப் பாருங்கள். அவர்களுக்கு அது பிழைப்புக் கருவி.

பேட்டரி தளர்ந்ததை எப்படித் தெரிந்துகொள்வது? ஐபோனில் பேட்டரி ஹெல்த் பக்கத்தில் சதவீதம் காட்டும், இப்போது சில ஆண்ட்ராய்டு போன்களிலும் காட்டுகிறது. அது இல்லாவிட்டாலும் ஓர் அடையாளம் உண்டு. 20, 15 சதவீதம் இருக்கும்போதே, கேமரா திறந்தாலோ கால் வந்தாலோ திடீரென அணைந்துபோகும். பழைய பேட்டரியின் உள் எதிர்ப்பு கூடிவிடுவதால், ஒரே நேரத்தில் நிறையச் சக்தி கேட்டால் வோல்டேஜ் சரிந்துவிடுகிறது. மெட்ரோ கதவருகே என் போனுக்கு நடந்ததும் அதுதான். கடைசியாகப் பார்த்தபோது 17 சதவீதம் காட்டியது.

மாற்ற இரண்டு இடம்: கம்பெனி சர்வீஸ் சென்டர் அல்லது சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி தெரு. முதலில் நான் ரிச்சி தெருவுக்குத்தான் போனேன். ஒரு கடையில் கேட்டதும் பையன் ஒரு பேட்டரியை எடுத்து வைத்தான்.

"ஒரிஜினல்ண்ணா. அரை மணி நேரத்துல போட்டுத் தந்துடுவேன்."

"பில் தருவியா தம்பி?"

"பில் இல்லண்ணா. ஆனா மூணு மாசம் நான் கேரண்டி."

விலை சர்வீஸ் சென்டரில் சொன்னதில் பாதி. போட்டுக்கொண்டேன். இரண்டு மாதம் அருமையாக ஓடியது. மூன்றாவது மாதம் பின்மூடி லேசாகத் தூக்கியது. பேட்டரி உப்பியிருந்தது. அப்படி ஆனால் அழுத்திப் பார்க்காதீர்கள், சார்ஜில் போடாதீர்கள், அணைத்துவிட்டு நேராகக் கடைக்குக் கொண்டுபோங்கள். அந்தத் தெருவில் நல்ல கை உள்ள மெக்கானிக்குகள் நிறைய இருக்கிறார்கள். கம்பெனி கைவிட்ட பழைய மாடல்களை உயிரோடு வைத்திருப்பவர்களே அவர்கள்தான். அவர்கள் கைவேலையில் எனக்குக் குறை இல்லை, உள்ளே போகும் பேட்டரி எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி. அதனால் உங்கள் மாடலுக்கு சர்வீஸ் சென்டரில் பேட்டரி கிடைக்கிறது என்றால், கூடுதல் காசு கொடுத்து அங்கேயே போடுங்கள். கிடைக்காத பழைய போனுக்கு ரிச்சி தெரு. அங்கே பில்லும் பேட்டரிமேல் பிஐஎஸ் முத்திரையும் கேட்டு வாங்குங்கள். எங்கே திறந்தாலும் தண்ணீர் தாங்கும் திறன் பழையபடி இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். மழையில் கவனமாக இருங்கள்.

சர்வீஸ் சென்டரில் மாற்றிய மறுநாள் இரவு பத்து மணிக்கு 34 சதவீதம் இருந்தது. அதே போன், அதே பயணம்.

நடுவில் சார்ஜ், புது போன்

ஆபீஸில் மேஜை உள்ளவர்களுக்கு மதியம் இருபது நிமிஷம் சார்ஜ் போடுவதே போதும், பவர் பேங்க் தேவையில்லை. முழுசாகத் தீர்ந்த பிறகுதான் போட வேண்டும் என்பது பழைய நிக்கல் பேட்டரி காலத்துப் பேச்சு. லித்தியத்துக்கு 20க்கும் 80க்கும் நடுவே இருப்பதுதான் சுகம். தடித்த கவர் போட்டிருந்தால் சார்ஜ் ஏறும்போது கழற்றிவிடுங்கள், தலையணைக்கு அடியில் வைக்காதீர்கள்.

பேட்டரிக்காக மட்டும் புது போன் வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. அதே இடத்தில் அதிகச் சக்தி தேக்கும் சிலிக்கான்-கார்பன் பேட்டரி வந்த பிறகு 6000, 7000 எம்ஏஹெச் போன்கள் சாதாரண தடிமனிலேயே கிடைக்கின்றன என்பது உண்மைதான். மென்பொருள் அப்டேட் நின்றுபோன போன் என்றால் வாங்குங்கள். இல்லையென்றால் புது பேட்டரி இன்னும் இரண்டு வருஷம் ஓட்டும்.

மழைக்காலம் மட்டும் தனிக் கணக்கு

பவர் பேங்கைக் குறைத்துப் பேசியிருந்தாலும் நான் அதைத் தூக்கிப் போடவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. வேளச்சேரியில் தனியாக இருந்த அம்மாவின் போன் முதல் நாள் இரவே அணைந்தது. டவர்களும் படுத்துவிட்டதால், இல்லாத சிக்னலைத் தேடித் தேடியே பேட்டரி தீர்ந்திருக்கிறது. புது பேட்டரி இருந்திருந்தாலும் இரண்டாம் நாளைத் தாண்டியிருக்காது. அந்த மாதிரி நாளுக்குப் பவர் பேங்க்தான்.

இப்போது அக்டோபர் பிறந்தால் அவருக்கு ஒரு 20000 எம்ஏஹெச்சை முழுசாக ஏற்றிக் கொடுத்துவிடுகிறேன். கரண்ட் போய், சிக்னலும் போய்விட்டால் ஏரோப்ளேன் மோடில் வைக்கப் பழக்கியிருக்கிறேன்.

"எட்டு மணி, பன்னெண்டு மணி, நாலு மணி. அப்ப மட்டும் பத்து நிமிஷம் ஆன் பண்ணும்மா."

"நடுவுல நீ கூப்பிட்டா?"

"நானும் அந்த நேரத்துலதான்ம்மா கூப்பிடுவேன்."

காலண்டரில் மூன்று நேரத்தையும் பெரிய எழுத்தில் எழுதி, பவர் பேங்கை அதற்குக் கீழேயே மாட்டி வைத்திருக்கிறார்.