பைக் ரேஸுக்குப் போகிறவர்கள் டிக்கெட் விலையை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பாதீர்கள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, புதுச்சேரியை ஒட்டிய ஒரு மைதானத்தில் மண் தடத்தில் பைக் ஓட்டும் டர்ட் ரேஸுக்குக் குடும்பத்தோடு போய்விட்டு, பர்ஸும் மனசும் காலியாகித் திரும்பினோம். நடத்தியவர்கள் பெயரை எழுதவில்லை, புகார் கொடுத்திருக்கிறேன். அடுத்த ரேஸுக்கு டிக்கெட் போட நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் போடுங்கள்.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எனக்கு டூவீலர் மெக்கானிக் ஷெட். ரேஸ் என்றால் சின்ன வயதிலிருந்தே உயிர். எங்கள் பெரியப்பா அந்தக் காலத்தில் சோழவரம் பழைய ரன்வேயில் நடந்த ரேஸுக்குப் புளிசாதம் கட்டிக்கொண்டு போன கதையைக் கேட்டு வளர்ந்தவன் நான். 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் டிராக் வந்த பிறகு நானே பலமுறை பஸ் ஏறிப் போயிருக்கிறேன். இந்தமுறை ரேஸ் நம்ம பக்கமே வருகிறது, 9 வயதுப் பையனுக்குக் காட்டலாம் என்று ஆசைப்பட்டேன். அம்மாவும் வருகிறேன் என்றார்கள்.

டிக்கெட் 499 ரூபாய். 5 வயதுக்கு மேல் எல்லோருக்கும் முழு டிக்கெட். நான்கு பேருக்கு 1,996, புக்கிங் சார்ஜ் 140. சரி, வருஷத்துக்கு ஒரு தடவைதானே என்று போட்டேன். வெளிச் சாப்பாடு கூடாது என்று புக்கிங் பக்கத்தில் எங்கேயும் இல்லை. பிறகு தேடிப் பார்த்தபோதுதான், டிக்கெட் பிடிஎஃப்பில் இரண்டாம் பக்கத்துக் கடைசியில், எறும்பு எழுத்தில், 14ஆவது நிபந்தனையாக இருந்தது. பணம் கட்டின பிறகுதான் அந்தத் தாளே கைக்கு வரும்.

காலை 8 மணிக்கு ரெட்டிச்சாவடி, கன்னியக்கோயில் வழியாகக் கிளம்பினோம். பார்க்கிங் 150. கேட்டில் பையைத் திறக்கச் சொன்னார்கள். எலுமிச்சை சாதம், தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல், நான்கு பாட்டில் தண்ணீர். எல்லாவற்றையும் எடுத்து வைக்கச் சொன்னார்கள். கேட்டுக்குப் பக்கத்தில் நீல பிளாஸ்டிக் டிரம் ஒன்று இருந்தது. எட்டிப் பார்த்தால் இட்லிப் பொட்டலம், சப்பாத்தி, பிள்ளைகளுக்குக் கொண்டுவந்த பிஸ்கட், வாழையிலையோடு யாரோ கட்டிவந்த புளிசாதம், மேலே கவிழ்த்த தண்ணீர் எல்லாம் ஊறிக் கிடந்தன. காலை 9 மணிக்கே பாதி டிரம்.

"அம்மாவுக்குச் சுகர் இருக்கு தம்பி, நேரத்துக்குச் சாப்பிடணும்" என்று சொல்லிப் பார்த்தேன். செக்யூரிட்டிப் பையன் தலையைக் குனிந்துகொண்டு, "அண்ணே, நான் விட்டா என் சம்பளத்துல பிடிப்பாங்கண்ணே" என்றான். அவன் மேல் எனக்குக் கோபமே இல்லை. காருக்குத் திரும்பிப் போய் வைத்துவிட்டு வரலாம் என்றால், பார்க்கிங் ஒன்றரைக் கிலோமீட்டர், அம்மாவால் அந்த வெயிலில் நிற்க முடியாது. விடிகாலை 5 மணிக்கு எழுந்து செய்த சாதத்தை என் மனைவி தன் கையாலேயே டிரம்மில் கொட்டினாள். அதற்கப்புறம் ரொம்ப நேரம் அவள் யாரிடமும் பேசவில்லை.

கண்ணாடி பாட்டில், சரக்கு, தீப்பெட்டி தடுப்பது நியாயம். புதுச்சேரியில் கூட்டம் கூடும் இடத்தில் அந்தச் சோதனை கட்டாயம் வேண்டும். ஆனால் சாதத்தால் யாருக்கு என்ன ஆபத்து? அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ் 500 ரேஸுக்கு, அளவுக்குள் இருக்கிற ஐஸ் பெட்டியில் சாப்பாடு வைத்து எடுத்துப் போக விடுகிறார்கள். அவ்வளவு பெரிய கூட்டத்தில் முடிகிறது.

உள்ளே போனால் காசு வாங்க மாட்டார்கள், ஜிபே கிடையாது. கையில் ஒரு ரிஸ்ட் பேண்ட் கட்டி அதில் பணம் ஏற்ற வேண்டும். குறைந்தது 500. அதில் 50 ரூபாய் பேண்டுக்கே பிடித்துக்கொண்டார்கள். அரை லிட்டர் தண்ணீர் 60. வெஜ் ஃப்ரைடு ரைஸ் 250, அதுவும் ஆறிப்போனது. 10 மணி ரேஸ் தொடங்கியது ஒன்றேகாலுக்கு. கேலரிக்கு மேலே ஒரு துணிப் பந்தல்கூட இல்லை. வெளியே போனால் திரும்ப விட மாட்டோம் என்று பலகை. பசி, தாகம், வெயில் மூன்றையும் சேர்த்து வைத்துக்கொண்டு, ஒரே ஒரு கடையைத் திறந்து வைத்தால் யார்தான் வாங்காமல் இருப்பார்கள்?

பன்னிரண்டரைக்கு அம்மாவுக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. "ஆயாவுக்கு வேர்க்குதுப்பா" என்று பையன்தான் முதலில் பார்த்துச் சொன்னான். ஓடிப்போய் இரண்டாவது முறை 500 ஏற்றி, சமோசாவும் தண்ணீரும் வாங்கி வந்தேன். குடிக்க இலவசத் தண்ணீர் எங்கே என்று கேட்டதற்கு, ஊழியர்களுக்கு மட்டும் என்று ஒரு கேனைக் காட்டினார்கள். தேவனாம்பட்டினத்தில் மாசி மகத்துக்கு ஆயிரக்கணக்கில் சனம் வரும்போது, முன்பின் தெரியாதவர்கள் பந்தல் போட்டு நீர்மோர் ஊற்றுகிற ஊர் நம்முடையது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போதுதான் கையிலிருந்த பாட்டிலைக் கவனித்தேன். விலை இருக்கும் இடத்தில் 60 என்று வெள்ளை ஸ்டிக்கர். ஈரத்தில் ஓரம் தூக்கியிருந்தது, நகத்தால் உரித்தேன். கீழே எம்.ஆர்.பி. 10 ரூபாய்.

இது சும்மா அதிக விலை என்கிற விஷயம் இல்லை. 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி எம்.ஆர்.பி.யைக் கூட்டி ஸ்டிக்கர் ஒட்டவே கூடாது. விலையைக் குறைத்தால் மட்டும் ஒட்டலாம், அப்போதும் பழைய விலை மறையக் கூடாது. ஓட்டல்கள் தண்ணீர் பாட்டிலுக்கு எம்.ஆர்.பி.க்கு மேல் வாங்கலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை, நான் கேட்டபோது கடைக்காரர் எடுத்துக் காட்டினார். அது உட்காரவைத்துப் பரிமாறும் சேவையும் சேர்ந்திருப்பதால் சொன்னது. ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்துக் கையில் கொடுக்கிற கடைக்கு அது பொருந்தாது என்பது என் வாதம். 2023 ஜனவரியில் தியேட்டர் வழக்கில் வந்த தீர்ப்பையும் பாருங்கள். வெளிச் சாப்பாட்டைத் தடுக்கத் தியேட்டருக்கு உரிமை உண்டு, ஆனால் சுத்தமான குடிநீர் இலவசமாகத் தர வேண்டும், கைக்குழந்தைக்கான உணவைத் தடுக்கக் கூடாது என்றது அது. தியேட்டருக்கே அப்படி என்றால், நாலு மணி நேரம் வெயிலில் உட்காரவைக்கிற மைதானத்துக்கு எவ்வளவு அவசியம்!

கிளம்பும்போது பேண்டில் 160 ரூபாய் மிச்சம். திருப்பித் தர மாட்டோம், அடுத்த ரேஸில் பயன்படுத்துங்கள் என்றார்கள். பில் கேட்டதற்கு மெஷினில் பேப்பர் இல்லை. 1,996 என்று நினைத்துப் போன எனக்கு 3,286 ஆனது. ரேஸ் நடத்த ஆம்புலன்ஸ், டிராக்கில் பாதுகாப்புக்கு நிற்கும் மார்ஷல், இன்சூரன்ஸ் என்று செலவு உண்டு என்பது எனக்கும் தெரியும். அதை டிக்கெட்டிலேயே போடட்டும், முடிந்தவர்கள் வருகிறோம். குறைந்த விலை காட்டிக் கூப்பிட்டு, சோற்றைப் பிடுங்கிப் போட்டு, பிறகு கறப்பது ஏமாற்று வேலை. என் ஷெட்டில் வேலை பார்க்கும் பையன்களைப் போன்றவர்கள்தான் இந்த விளையாட்டை உயிராக நேசிக்கிறவர்கள். அவர்கள் எப்படிப் போவார்கள்?

மறுநாள் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தேன். மூன்று வாரத்தில் 160 ரூபாய் மட்டும் அக்கவுண்டுக்கு வந்தது, வேறு பதில் இல்லை. ஸ்டிக்கர் விஷயத்துக்குப் புதுச்சேரி எடையளவுத் துறைக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். ரேஸ் நடந்தது புதுச்சேரியில் என்றாலும், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, இரண்டு வருஷம் அவகாசம் உண்டு. பில் தர மறுப்பதும் அந்தச் சட்டத்தில் முறையற்ற வணிகம்தான்.

ஒரே மாதிரி பாதிக்கப்பட்டவர்கள் ஆணையத்தின் அனுமதியோடு சேர்ந்தும் போடலாம். அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் டிக்கெட், பேண்ட், பணம் ஏற்றிய மெசேஜ், ஸ்டிக்கர் ஒட்டின பாட்டில் எது இருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள், எனக்கு எழுதுங்கள். என் பாட்டில் ஷெட் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது, பாதி உரித்த ஸ்டிக்கரோடு.