படர்தாமரைக்கு எது: கலப்பு கிரீமா, வெறும் கிரீமா, பச்சிலையா?

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் டெல்டாவின் மருந்துக் கடைகளில் அடிக்கடி காதில் விழுவது, "அரிப்புக்கு ஒரு கிரீம் குடுங்க". தொடையிடுக்கு, இடுப்பு, அக்குள் என்று ஈரம் தங்கும் இடமெல்லாம் படர்தாமரை என்ற பூஞ்சை நோய். வாங்குபவர் இடத்தைக் காட்ட மாட்டார், விற்பவரும் கேட்க மாட்டார். ட்யூப் மட்டும் கைமாறும்.

மருந்தை ஒப்பிடும் முன் நோய் அதுதானா என்று பார்த்துவிடலாம். படர்தாமரைக்கு விளிம்புதான் அடையாளம். சிவந்து, லேசாக மேடிட்டு, செதில் உதிர வட்டமாகப் பரவும். நடுப்பகுதி தெளிந்துகொண்டே வரும். சிரங்கு வேறு. விரலிடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றிச் சின்னச் சின்னப் பொரிகள். ராத்திரி படுத்தால் அரிப்பு கூடும். வீட்டில் இன்னும் இரண்டு பேர் சொறிந்துகொண்டிருப்பார்கள். அதற்குப் பூஞ்சை மருந்து உதவாது. பெர்மெத்ரின் 5 சதவீத கிரீமை வீட்டில் எல்லாரும் ஒரே இரவில் கழுத்திலிருந்து பாதம் வரை பூசி, காலையில் குளித்து, ஒரு வாரத்தில் மறுபடி பூச வேண்டும். கைக்குழந்தைக்கு மட்டும் மருத்துவரைக் கேட்டுப் பூசுங்கள். மார்பிலும் முதுகிலும் வெளிறியோ பழுப்பாகவோ திட்டுத்திட்டாக இருந்து, அரிப்பு பெரிதாக இல்லாமல், சுரண்டினால் பொடியாக உதிர்ந்தால் தேமல். வெளிறிய அல்லது செம்பு நிறத் திட்டில் தொட்டால் உணர்ச்சியே குறைவாக இருக்கிறதா? அப்படியானால் கிரீம் பேச்சே வேண்டாம். தொழுநோயா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டிவிடுங்கள். மருந்து இலவசம், முழுதாகக் குணமாகும்.

சரி, படர்தாமரைதான் என்று ஆகிவிட்டது. முதலில் கலப்பு கிரீம். ஒரே ட்யூபில் ஸ்டீராய்டு, பூஞ்சைக் கொல்லி, பாக்டீரியா மருந்து மூன்றும் இருக்கும். பூசிய இரண்டாம் நாளே அரிப்பு அடங்கிவிடும். இத்தனை பேர் இதையே கேட்டு வாங்குவதற்குக் காரணம் அதுதான். ஆனால் அரிப்பை அடக்கியது ஸ்டீராய்டு. பூஞ்சையை எதிர்த்து நம் தோல் காட்டிய வீக்கத்தையும் சிவப்பையும் அது அமுக்குகிறது. எதிர்ப்பு அடங்கியதும் பூஞ்சை சாவகாசமாகப் பரவும். நிறுத்தினால் முன்னைவிட மூர்க்கமாகத் திரும்பும், மறுபடி அதே ட்யூப். சில மாதம் இப்படியே ஓடினால் விளிம்பும் வட்டமும் கலைந்து, பார்க்கும் மருத்துவருக்கே இது படர்தாமரைதானா என்று சந்தேகம் வரும். தொடையில் தோல் மெலிந்து வரிவரியாகக் கோடு விழும். அந்தக் கோடு போகாது.

ஸ்டீராய்டைக் கெட்ட மருந்து என்று ஒதுக்கவும் முடியாது. கரப்பான் (எக்ஸிமா) என்ற தோல் நோய்க்கு மருத்துவர் அதைத்தான் எழுதுவார், அங்கே அது சரி. பூஞ்சை இருக்கும் இடத்தில்தான் தகராறு. ஸ்டீராய்டு கிரீம்கள் பலவற்றைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018-ல் மத்திய அரசு விதியைக் கடுமையாக்கியது. விதி இருக்கிறது, கிரீமும் கிடைக்கிறது. அதனால் ட்யூபின் பின்பக்கத்தைப் படிப்பது நம் வேலை. பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன், ஃபுளூசினோலோன் என்று ஏதாவது இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். குளோபெட்டசால் ஸ்டீராய்டு, குளோட்ரிமசோல் பூஞ்சைக் கொல்லி. அவசரத்தில் மாற்றிப் படித்துவிட வாய்ப்புண்டு.

அடுத்தது வெறும் பூஞ்சைக் கொல்லி கிரீம்: குளோட்ரிமசோல், மைக்கோனசோல், லூலிகோனசோல் வகை. இதன் குறை வேகம்தான். முதல் சில நாள் அரிப்பு இருக்கத்தான் செய்யும், "இது கேக்கல" என்று பாதியில் விட்டுவிடுவார்கள். குளோட்ரிமசோல் என்றால் காலை, மாலை இரு வேளை. வட்டத்துக்கு வெளியேயும் இரண்டு சென்டிமீட்டர் தள்ளிப் பூச வேண்டும், பூஞ்சை கண்ணுக்குத் தெரியும் விளிம்பைத் தாண்டியும் இருக்கும் என்பதால். மறைந்த பிறகும் இரண்டு வாரம் பூச வேண்டும். அரிப்பு தாங்கவில்லை என்றால் செட்டிரிசின் போன்ற மாத்திரை போதும். புதிதாக வந்த ஒன்றிரண்டு வட்டத்துக்கு என் ஓட்டு இதற்குத்தான். தலைமுடியிலோ நகத்திலோ வந்தால், உடம்பில் பல இடம் பரவிவிட்டால், இது போதாது.

அங்கே மாத்திரை. டெர்பினாஃபின், இட்ராகோனசோல் இரண்டும் அதிகம் எழுதப்படுபவை. டெர்பினாஃபினுக்குக் கட்டுப்படாத பூஞ்சை இப்போது இந்தியாவில் பரவலாக இருக்கிறது. 2020-ல் ட்ரைக்கோஃபைட்டான் இண்டோடினியே என்று தனிப் பெயரே வைத்தார்கள். இட்ராகோனசோல் கேப்ஸ்யூலைச் சாப்பிட்டதும் போட வேண்டும். வயிற்று எரிச்சலுக்குப் போடும் மாத்திரையோடு சேர்த்தால் உடம்பில் சரியாக ஏறாது. இதயம் பலவீனமானவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஆகாது, கல்லீரலையும் கவனிக்க வேண்டும், கொழுப்புக்குப் போடும் சில மாத்திரைகளோடு மோதும். பக்கத்து வீட்டுக்காரர் சீட்டை வைத்து வாங்கும் மருந்து இல்லை.

பச்சிலையில் முன்னால் நிற்பது சீமையகத்தி. வண்டுகொல்லி என்றும் சொல்வார்கள். மஞ்சள் பூ நட்டுக்குத்தலாக நிற்கும் செடி. இலையை எலுமிச்சைச் சாறு விட்டு அரைத்துப் பூசுவது பழைய வழக்கம். இது வெறும் நம்பிக்கை கிடையாது. இலையில் கிரைசோஃபனால் போன்ற ஆந்த்ராகுவினோன்கள் உண்டு, பூஞ்சையை அடக்கும் குணம் ஆய்வகத்தில் தெரிந்திருக்கிறது. பிலிப்பைன்ஸ் அரசு பரிந்துரைக்கும் பத்து மூலிகைகளில் இதுவும் ஒன்று. சிக்கல் அளவில். இளம் இலை, முற்றிய இலை, எவ்வளவு சாறு, கணக்கே இல்லை. கையில் ஒரு சின்ன வட்டம் என்றால் பூசிப் பார்க்கலாம். தொடையிடுக்கில் எலுமிச்சைச் சாறோடு வைத்தால் வெந்துவிடும். அப்புறம் பூஞ்சையோடு புண்ணுக்கும் வைத்தியம் பார்க்க வேண்டும். கலப்பு கிரீமா, சீமையகத்தியா என்று இரண்டே வழி இருந்தால் நான் சீமையகத்தி பக்கம்.

சேற்றுப்புண்ணுக்குக் கணக்கு மாறும். நடவு, களை என்று நாள் முழுக்கத் தண்ணீரில் நிற்கும் காலில் விரலிடுக்கு வெளுத்து, ஊறி, வெடிக்கும். பூஞ்சையும் பாக்டீரியாவும் சேர்ந்தே இருக்கும். இங்கே எந்த மருந்தையும்விடக் காய வைப்பது முக்கியம்: கரையேறியதும் நல்ல தண்ணீரில் கழுவி, விரலிடுக்கைத் துணியால் ஒற்றி, பிறகு கிரீம். மருதாணி அரைத்து வைப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, மண்ணெண்ணெய் வேண்டாம். சர்க்கரை உள்ளவர்கள் இதைச் சும்மா விடக் கூடாது. யானைக்கால் உள்ளவர்களும்தான். கும்பகோணம் பக்கம் அந்த வீக்கத்தோடு வாழும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள்; அவர்களுக்குத் திடீரென்று குளிர்காய்ச்சல் வந்து கால் சிவந்து வீங்குவதற்கு விரலிடுக்கு வெடிப்பு வழியாகப் புகும் பாக்டீரியாவே பெரும்பாலும் காரணம்.

எந்த மருந்தை எடுத்தாலும் அதைத் தோற்கடிக்கும் ஒரு பொருள் இடுப்பிலேயே இருக்கிறது: அரைஞாண் கயிறு. நாள் முழுக்க ஈரம், குளித்தாலும் காயாது. வைத்தியம் முடியும்வரை கழற்றி வைத்தால் சாமி கோபித்துக்கொள்ளாது. பாவாடை நாடா இறுக்கும் இடத்துக்கும் இதே கதைதான். தினம் துவைத்த பாவாடை, கொஞ்சம் தளர்ந்த முடிச்சு. மழை நாளில் வெயில் கிடைக்காது என்பதால் உள்ளாடையை உட்புறம் திருப்பித் தையல் ஓரங்களில் சூடாக இஸ்திரி போடுங்கள். புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் இருந்தால் இருவரும் ஒரே நேரத்தில் பூச வேண்டும். துண்டு ஆளுக்கொன்று.

ஏற்கெனவே மாதக்கணக்கில் கலப்பு கிரீம் பூசியவர்கள் நிறுத்தியதும் அரிப்பும் சிவப்பும் திரண்டு வரும். அதைக் கண்டு பயந்து மறுபடி அதையே எடுக்க வேண்டாம். தோல் மருத்துவரிடம் போகும்போது பழைய ட்யூபையும் எடுத்துப் போங்கள். எவ்வளவு நாள் பூசினீர்கள் என்பதை ஒளிக்காமல் சொன்னால், பாதி நோய்நாடல் அங்கேயே முடிந்துவிடும்.