டப்பிங்கா, சப்டைட்டிலா? படப்பிடிப்பில் மைக் இருந்ததா என்று முதலில் பாருங்கள்

மலையாள த்ரில்லர், கொரியத் தொடர், தெலுங்கு மாஸ் படம் என எதைத் திறந்தாலும் இப்போது ஆடியோ பட்டியலில் தமிழ் இருக்கிறது. அதைத் தட்டுவதா, மூல மொழியிலேயே ஓடவிட்டு அடியில் வரும் எழுத்தைப் படிப்பதா என்பது ஒவ்வொரு முறையும் வரும் குழப்பம். என் ஓட்டு பெரும்பாலும் சப்டைட்டிலுக்கு. எப்போதும் அல்ல. ஒரு வகைப் படத்துக்கு டப்பிங்தான் சரி. அந்த வகை எது என்பதை மொழியை வைத்தோ நடிகரை வைத்தோ முடிவு செய்ய முடியாது, ஒலி எப்படிப் பதிவானது என்பதை வைத்துத்தான் சொல்ல முடியும்.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் தள்ளிவிடுகிறேன். வீட்டில் படிக்கத் தெரியாத குழந்தை, மூக்குக்கண்ணாடியைத் தேடும் தாத்தா, காய் நறுக்கிக்கொண்டே பார்ப்பவர் இருந்தால் டப்பிங். வாய் ஒரு பக்கம், வசனம் ஒரு பக்கம் போகிறது என்பது டப்பிங் மீது வைக்கும் வழக்கமான குற்றச்சாட்டு. அது அவ்வளவு பெரிய குற்றமில்லை. பத்து நிமிஷத்தில் கண் பழகிவிடும். பழகாமல் அடம்பிடிப்பது காதுதான்.

ஏன் என்று பார்ப்போம். படத்தின் ஒலியை வசனம், இசை, எஃபெக்ட்ஸ் என்று மூன்று கட்டாகப் பிரித்து வைத்துத்தான் மிக்ஸ் செய்கிறார்கள். வேறு மொழி டப்பிங்குக்குக் கொடுக்கும்போது வசனத்தை மட்டும் எடுத்துவிட்டு மற்ற இரண்டையும் அனுப்புவார்கள். இதற்கு 'எம் அண்ட் இ' (மியூசிக் அண்ட் எஃபெக்ட்ஸ்) டிராக் என்று பெயர். அந்த வசன டிராக்கில் வசனம் மட்டுமா இருக்கிறது? படப்பிடிப்பிலேயே மைக் வைத்துப் பேச்சைப் பதிவு செய்திருந்தால், அதே மைக்கில் செருப்புச் சத்தம், துணியின் சரசரப்பு, டம்ளரை மேஜையில் வைக்கும் 'டக்', அறையில் ஓடும் ஃபேனின் இரைச்சல், பேசுமுன் இழுக்கும் மூச்சு எல்லாம் விழுந்திருக்கும். வசனத்தை உருவினால் இவை அத்தனையும் கூடவே போய்விடும்.

போனதைத் திரும்ப நிரப்புவது ஃபோலி கலைஞர்களின் வேலை. ஸ்டுடியோவில் நடந்து, உட்கார்ந்து, பாத்திரம் தட்டி ஒவ்வொரு சத்தத்தையும் புதிதாகப் பதிவு செய்வார்கள். முழுதாக நிரப்பிய டிராக் கையில் கிடைத்தால் டப்பிங் நன்றாகவே வரும். அரைகுறையாக நிரப்பியிருந்தால் இரண்டு வசனங்களுக்கு நடுவில் ஒரு பள்ளம் விழும். ஆள் பேசும்போது மட்டும் அறைக்கு உயிர் இருக்கும், வாயை மூடினால் அறையே செத்துவிடும். 'இந்த டப்பிங்கில் ஏதோ சரியில்லை' என்று பலருக்குத் தோன்றுவதற்குக் காரணம், முக்கால்வாசி நேரம் இந்தப் பள்ளம்தான். உதட்டசைவு இரண்டாம் பட்சம்.

ஒரு சமையலறைக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். மனைவி முதுகைக் காட்டி நின்று பாத்திரம் கழுவுகிறாள். கணவன் வாசல் நிலையில் சாய்ந்து ஏதோ கேட்கிறான். மூல ஒலியில் அவள் பதில் சுவரில் பட்டுக் கொஞ்சம் மங்கலாக வரும், குழாய்ச் சத்தம் அதன் பாதியைத் தின்னும். குழாயை மூடிவிட்டுத் திரும்பியதும் குரல் சட்டென்று தெளியும். அந்தத் தெளிவே 'இப்போது சண்டை வரப்போகிறது' என்று சொல்லிவிடும். டப்பிங்கில் அவள் குரல் ஒலி உறிஞ்சும் சுவர்கள் வைத்த சின்ன அறையில், மைக்குக்கு ஒரு சாண் தூரத்தில் பதிவானது. மிக்ஸ் செய்பவர் ஷாட்டுக்கு ஷாட் குரலை மங்க வைத்து, அறையின் எதிரொலி சேர்த்து, தூரத்தைக் காட்டினால்தான் அவள் அந்த அறையில் நிற்பாள். நேரமும் பணமும் இல்லாத டப்பிங்கில் முதலில் வெட்டுப்படுவது இந்த வேலைதான். அவள் எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும் உங்கள் காதோரத்திலேயே பேசிக்கொண்டிருப்பாள்.

இதற்கெல்லாம் அடிப்படை ஒன்று உண்டு: மூலப் படம் சிங்க் சவுண்டில், அதாவது படப்பிடிப்பில் பதிவான பேச்சையே வைத்து எடுத்ததா, இல்லையா. நம் ஊர்ப் படங்களில் நெடுங்காலமாகப் படப்பிடிப்பில் எடுக்கும் ஒலி வழிகாட்டிக்கு மட்டும்தான். ஜெனரேட்டர் ஒரு பக்கம் ஓடும், இயக்குநர் நடுவில் குரல் கொடுப்பார், யாரும் கவலைப்பட மாட்டார்கள். பிறகு நடிகரோ அவருக்குக் குரல் கொடுப்பவரோ ஸ்டுடியோவில் பேசுவார். 2001இல் வந்த 'லகான்', 2004இல் வந்த 'விருமாண்டி' போன்றவை படப்பிடிப்பு ஒலியையே பயன்படுத்தியதற்காகத் தனியாகப் பேசப்பட்டன என்றால், மற்றவை எப்படி எடுக்கப்பட்டன என்று ஊகித்துக்கொள்ளலாம்.

இதிலிருந்து கிடைக்கும் கணக்கு இதுதான். ஸ்டுடியோவில் பேசிச் சேர்த்த தெலுங்கு மாஸ் படத்துக்கு, தெலுங்கு ஒலியே ஒரு டப்பிங்தான். நடையும் அடியும் கதவும் கண்ணாடியும் ஏற்கெனவே முழுதாக ஃபோலி செய்து தனியாக இருக்கும். வசனத்தை உருவினால் பள்ளம் விழாது. தமிழ்க் குரலை வைத்தால் பொருந்தி உட்கார்ந்துவிடும். அந்த வகைப் படத்தை ஆங்கில சப்டைட்டிலோடு பார்ப்பது வீண் தவம். ஆனால் சிங்க் சவுண்டில் எடுத்த மலையாளப் படத்தையோ கொரியத் தொடரையோ டப்பிங்கில் பார்த்தால், நடிகர் நடித்ததில் பாதி காணாமல் போகும். முனகல், பாதியில் விழுங்கிய சொல், அழுகை தொண்டையில் முட்டும் இடம் இவையெல்லாம் அந்த மைக்கில் மட்டுமே இருந்தவை.

எது எந்த வகை என்று கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. பெயர்ப் பட்டியலில் 'சிங்க் சவுண்ட்' அல்லது 'லொகேஷன் சவுண்ட்' என்று ஓர் ஆளின் பெயர் வந்தால் ஒரு வகை. டப்பிங் கலைஞர்களின் பெயர்கள் வரிசையாக வந்தால் மற்ற வகை. பெயர்ப் பட்டியலுக்குப் பொறுமை இல்லையென்றால், இரண்டு பேர் உள்ளறையில் பேசும் காட்சியாகப் பார்த்து முப்பது விநாடி கண்ணை மூடிக் கேளுங்கள். பிறகு ஆடியோவை மாற்றி அதே முப்பது விநாடி. வசனத்தைக் கவனிக்க வேண்டாம், வசனங்களுக்கு நடுவில் என்ன கேட்கிறது என்று கவனியுங்கள்.

இன்னொரு சின்ன விஷயம். மூல ஆடியோவுக்குப் பக்கத்தில் 5.1 (சுற்றிலும் வைத்த பல ஸ்பீக்கர்களுக்கான ஒலி) என்று போட்டிருக்கும், தமிழுக்கு வெறும் ஸ்டீரியோதான் இருக்கும். டிவியின் சொந்த ஸ்பீக்கரில் பார்ப்பவர்களுக்கு இதில் பெரிய நஷ்டமில்லை. சொல்லப்போனால் ஸ்டீரியோவில் வசனம் இன்னும் தெளிவாகவே கேட்கும். வசனத்துக்கென்று நடு ஸ்பீக்கர் தனியாக வைத்திருப்பவர்களுக்குத்தான் வித்தியாசம் முகத்தில் அறையும்.

நல்ல டப்பிங்கைக் குறைத்துச் சொல்லவில்லை. வசனம் எழுதுபவர் படும் பாடு சாதாரணமானதல்ல. தெலுங்கில் 'செப்பு' என்று ஒருவன் குளோசப்பில் அதட்டுகிறான். நடுவில் 'ப்ப'வுக்கு உதடு மூடித் திறக்கிறது. 'சொல்லு' என்று வைத்தால் அசை எண்ணிக்கை சரி, உதடு ஒட்டாது. அதனால் 'சொல்லுப்பா' என்று நீட்டுவார்கள், இல்லையென்றால் 'பேசு' என்று மாற்றிக் கொஞ்சம் சமாளிப்பார்கள். (அகராதிப்படி 'செப்பு' தமிழும்தான். வில்லன் வாயில் வைத்தால் தியேட்டரே சிரிக்கும்.) தெலுங்குச் சொற்கள் பெரும்பாலும் உயிரில் முடிவதால் வாய் திறந்தே நிற்கும். 'வேண்டும்' என்று எழுத்துத் தமிழில் அழுத்திச் சொன்னால் உதடு மூடும், ஷாட் கெட்டுவிடும். பேச்சில் 'வேணும்' என்பதை மூக்கால் முடித்தால் உதடு மூட வேண்டியதே இல்லை. மேடைத் தமிழில் டப்பிங் செய்தால் ஒட்டாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, நான் கட்சி சேர்ந்திருக்கும் சப்டைட்டிலுக்கு வருவோம். அதன் ஓட்டைகளையும் சொல்லியாக வேண்டும். ஆங்கில சப்டைட்டிலுக்குப் பொதுவான கட்டுப்பாடு இரண்டு வரி, வரிக்கு 42 எழுத்து, விநாடிக்கு 17 முதல் 20 எழுத்து. அதாவது மூன்று விநாடி வசனத்துக்கு ஐம்பது, அறுபது எழுத்து, பத்துப் பன்னிரண்டு சொல். நம்மாட்கள் மூன்று விநாடியில் அதைவிட அதிகம் பேசிவிடுவார்கள். எனவே வெட்டு விழும். முதலில் போவது விளிச்சொற்கள், திரும்பத் திரும்பச் சொல்வது, வசவு. வேகமான காமெடிக்கு உயிரே அந்த மூன்றும்தான். அதனால் சப்டைட்டிலில் காமெடி பார்ப்பது எப்போதும் கொஞ்சம் நஷ்டமே.

விளிச்சொல் போவதால் வரும் நஷ்டம் கொரியத் தொடர்களில் கண்கூடு. 2021இல் வந்த 'ஸ்க்விட் கேம்' தொடரில் பாகிஸ்தானிலிருந்து வந்த தொழிலாளி அலி, சக போட்டியாளன் சாங்-வூவை 'சாஜாங்நிம்' என்றுதான் கூப்பிடுவான். நம் பேச்சில் முதலாளி, சார். ஒரு கட்டத்தில் 'ஹ்யோங்' என்று கூப்பிடச் சொல்கிறான் சாங்-வூ. அதாவது அண்ணன். பின்னால் அந்த அண்ணன் செய்யும் காரியம் நெஞ்சில் குத்துவதே இந்த ஒரு சொல்லால்தான். ஆங்கிலத்தில் இந்த அண்ணன் கரைந்துவிடும். அங்கே உடன் பிறக்காதவரை அப்படி அழைக்கும் வழக்கமில்லை. தமிழிலோ 'சார்' என்று தொடங்கி 'அண்ணே' என்று மாறினால் ஒரு விளக்கமும் தேவையில்லை.

வினைச்சொல் கடைசியில் வருவதும் அப்படித்தான். கொரியன், ஜப்பான், தமிழ் மூன்றிலும் அதுவே வழக்கம். விசாரணை அறையில் ஒருவன் இழுத்து இழுத்து 'அன்னிக்கு ராத்திரி... அவனை... நான்...' என்று நிறுத்தும்போது, ஆங்கில சப்டைட்டில் 'நான்தான் கொன்றேன்' என்பதை முதல் விநாடியிலேயே போட்டுக் கொடுத்துவிடும். தமிழ் சப்டைட்டிலில் இந்தச் சனியன் இல்லை. சிக்கல் என்னவென்றால் தமிழ் ஆடியோ கிடைக்கும் அளவுக்குத் தமிழ் சப்டைட்டில் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் எழுத்து நடையில் இருக்கும். 'போய்க்கொண்டிருக்கிறேன்' என்பதற்குப் பதினொரு எழுத்து, 'போயிட்டிருக்கேன்' எட்டு, 'போறேன்' மூன்று. இடம் இல்லாத இடத்தில் ஏன் பதினொன்றைப் போடுகிறார்கள் என்பது விளங்காத மர்மம்.

மலையாளம் தனி ரகம். 'நமக்குத்தான் புரியுமே' என்று சப்டைட்டிலை அணைத்துவிடுபவர்கள் அதிகம். முக்கால்வாசி புரியும். மீதிக் கால்வாசியில்தான் கதை இருக்கும். 'வெள்ளம்' என்றால் அங்கே தண்ணீர். 'பணி கிட்டி' என்று ஒருவன் தலையில் கை வைத்தால் அவனுக்கு வேலை கிடைக்கவில்லை, ஆப்பு விழுந்திருக்கிறது. மலையாளத்துக்குச் சப்டைட்டிலை ஓடவிட்டு, கண்ணை முகத்தில் வைத்து, காது தடுமாறும்போது மட்டும் கீழே பார்ப்பது நல்லது. சிங்க் சவுண்டில் எடுத்த மலையாளப் படத்துக்குத் தமிழ் டப்பிங் போடுவது எனக்கு ஒப்பாத காரியம். வட்டாரப் பேச்சை எல்லாம் ஒரே நாகர்கோவில் சாயலில் தள்ளிவிடும் பழக்கம் வேறு இருக்கிறது.

அனிமேஷனில் என் பேச்சை அவ்வளவாக நம்ப வேண்டாம். எல்லாக் குரலும் ஸ்டுடியோவில் பதிவானவை, ஒலி முழுதும் கட்டிச் சேர்த்தது. என் கணக்குப்படி டப்பிங் அங்கே தோற்கக் காரணமே இல்லை. ஆனால் ஜப்பானிய அனிமே ரசிகர்கள் மூலக் குரலை விட்டுக்கொடுக்க மாட்டார்கள், அவர்கள் காதும் பழகிய காது.

சப்டைட்டில் பக்கம் வருபவர்கள் இரண்டு இடத்தில் ஏமாறுவார்கள். ஒன்று, பட்டியலில் 'இங்கிலீஷ்' என்றும் 'இங்கிலீஷ் சிசி' என்றும் இரண்டு இருக்கும். சிசி என்பது காது கேளாதவர்களுக்கானது. வேற்றுமொழிப் படங்களில் அது பெரும்பாலும் ஆங்கில டப்பிங் வசனத்தை அப்படியே எழுதியது. டப்பிங் வசனம் உதட்டுக்காக வளைத்தது, எனவே மூலத்திலிருந்து இன்னும் ஒரு படி தள்ளி நிற்கும். மூல ஆடியோ வைத்துப் பார்க்கிறவர்கள் சிசி இல்லாததை எடுக்க வேண்டும். தமிழ் ஆடியோவும் தமிழ் சப்டைட்டிலும் சேர்த்துப் போட்டால் இரண்டும் வேறு வேறு சொல்வதும் இதே காரணத்தால்தான். எழுதியவர்கள் வேறு ஆட்கள்.

இரண்டாவது, வாய் அசைவு பொருந்தவில்லை என்று டப்பிங்கைத் திட்டிவிட்டு மூல மொழிக்கு மாறுவார்கள், அங்கேயும் பொருந்தாது. ஒலி படத்தைவிட 45 மில்லி விநாடி முந்தினாலோ 125 மில்லி விநாடி பிந்தினாலோ மனிதக் கண்ணுக்குத் தெரிந்துவிடும். ப்ளூடூத் ஸ்பீக்கர் சாதாரணமாகவே 200 மில்லி விநாடி வரை பிந்தும். குற்றவாளி டப்பிங் கலைஞர் இல்லை, ஸ்பீக்கர். டிவியின் ஒலி அமைப்பில் 'ஆடியோ டிலே' அல்லது 'லிப் சிங்க்' இருந்தால் அதில் சரி செய்து பாருங்கள். முடியாவிட்டால் ஹெச்டிஎம்ஐ ஆர்க் (டிவியின் ஒலியை ஸ்பீக்கருக்கு அனுப்பும் இணைப்பு) வழியாக வயரில் இணையுங்கள். எழுத்து கண்ணைக் கூசினால் சப்டைட்டில் நிறத்தை வெள்ளையிலிருந்து சாம்பலுக்கு மாற்றுங்கள். வெளிச்சத்தையும் இருட்டையும் கூடுதலாகப் பிரித்துக் காட்டும் ஹெச்டிஆர் படத்தின் இருட்டுக் காட்சிகளில் வெள்ளை எழுத்து டார்ச் அடித்த மாதிரி இருக்கும்.