கிலோ கணக்கில் பேப்பர்: ஒரு டிசைன் மாணவியின் ஆண்டர்சன் தெரு ரிவியூ

இது ஒரு கடைக்கான ரிவியூ இல்லை, ஒரு தெருவுக்கான ரிவியூ. பாரிமுனையில் உயர் நீதிமன்றத்துக்கு எதிர்ப்பக்கம், என்.எஸ்.சி. போஸ் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஆண்டர்சன் தெரு. கல்யாணப் பத்திரிகை, டைரி, காலண்டர், கணக்கு நோட்டு, ரீம் ரீமாகப் பேப்பர், எல்லாம் அங்கேதான் என்று சென்னையில் வீட்டுக்கு ஒருவருக்காவது தெரியும். ஆனால் டிசைன் படிக்கிற பிள்ளைகள் பலர் அங்கே போகாமல், ஆன்லைனில் "பிரீமியம் 250 ஜிஎஸ்எம்" (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை கிராமில், அதுதான் ஜிஎஸ்எம்) என்று போட்டிருப்பதை ஆர்டர் பண்ணிவிட்டு, வந்ததும் "படத்தில் வேறு மாதிரி இருந்துச்சே" என்று புலம்புகிறார்கள். ஸ்கிரீனில் எல்லா வெள்ளையும் ஒரே வெள்ளைதான். பேப்பரைத் தொட்டு, மடக்கி, ஓரத்தில் கொஞ்சம் கிழித்துப் பார்க்காமல் வாங்கவே கூடாது என்பது என் கட்சி, அதற்கு ஆண்டர்சன் தெருவை விட்டால் இந்த ஊரில் வேறு நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

நான் வாங்கப் போனது மூன்று வேலைகளுக்காக. ஒன்று, எனாமல் பெயின்ட்டில் கையால் எழுதின கடைப் பலகைகள், ஆட்டோ முதுகுகள், சுவர் விளம்பரங்கள் இவற்றின் எழுத்துகளைப் படம் பிடித்தும் வரைந்தும் சேர்த்த 32 பக்கச் சின்னப் புத்தகம். ஃபிளெக்ஸ் வந்த பிறகு இந்த எழுத்துகள் வேகமாகக் காணாமல் போகின்றன என்பதால் வியாசர்பாடி, சைதாப்பேட்டை என்று திரிந்து சேர்த்தவை. இரண்டாவது, கோல நோட்டு. மூன்றாவது, போர்ட்ஃபோலியோ வைக்க ஒரு அட்டைப் பெட்டி. மூன்றுக்கும் மூன்று விதமான பேப்பர் வேண்டும், மூன்றும் இந்த ஒரே தெருவில் கிடைத்தன, ஆனால் மூன்று விதமான மரியாதையோடு.

முதலில் தெருவின் மொழியைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது தெரியாமல் போனால் கடை வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். நாம் வகுப்பில் ஏ4, ஏ3, ஜிஎஸ்எம் என்று பேசுகிறோம். ஜிஎஸ்எம் அங்கேயும் ஓடும். ஆனால் பெரிய ஷீட்டுக்கு அவர்கள் கணக்கே வேறு: 20க்கு 30 இன்ச் டபுள் கிரவுன், 23க்கு 36 இன்ச் டபுள் டெம்மி, அப்புறம் ஒரு ரீமின் எடை. பழைய தமிழ்ப் புத்தகங்களின் விவரப் பக்கத்தில் "தாள்: 11.6 கி.கி." என்று போட்டிருப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு புத்தகம் எப்படி 11 கிலோ இருக்கும் என்று சின்ன வயதில் எனக்கு ஒரே குழப்பம். அது 20க்கு 30 அளவில், 60 ஜிஎஸ்எம் தாள், 500 ஷீட் கொண்ட ஒரு ரீமின் எடை. 0.387 சதுர மீட்டரை 60 கிராமாலும் 500 ஷீட்டாலும் பெருக்கிப் பாருங்கள், சரியாக 11.6 கிலோ வரும். அதே போல 18.6 கிலோ என்றால் 23க்கு 36 அளவில் 70 ஜிஎஸ்எம். இந்தக் கணக்கை எனக்குச் சொல்லிக்கொடுத்தது காலேஜ் இல்லை, கல்லாவில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், கால்குலேட்டர்கூட எடுக்கவில்லை.

இதில் ஒரு லாபம் இருக்கிறது. டபுள் கிரவுன் ஷீட் ஒன்றை மடித்தால் 5க்கு 7.5 இன்ச்சில் 16 தாள், அதாவது சரியாக 32 பக்கம். என் புத்தகம் 32 பக்கம். ஆக ஒரு ஷீட்டுக்கு ஒரு புத்தகம், வேஸ்ட் என்று போவது ஓரம் வெட்டுவது மட்டும்தான். லேஅவுட்டை ஆரம்பிக்கும் முன்னாலேயே ஷீட் அளவைத் தெரிந்துகொண்டால் பக்க அளவைத் தானாக அது முடிவு செய்துவிடும். வகுப்பில் சதுரப் புத்தகம் பண்ணுவோம் என்று ஆசைப்படுகிறவர்கள் பேப்பரில் எவ்வளவு கழிவு போகும் என்பதையும் பார்த்துவிட்டு ஆசைப்படலாம். ஒரு எச்சரிக்கை: ஆஃப்செட்டில் 500 பிரதி அடிப்பவருக்குத்தான் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும். நம்மைப் போல ஐம்பது பிரதி டிஜிட்டல் பிரின்ட் எடுப்பவர்களுக்கு 12க்கு 18 அல்லது 13க்கு 19 இன்ச் வெட்டின ஷீட் வேண்டும். "டிஜிட்டலுக்கு" என்று வாயைத் திறந்து சொன்னால் பல கடைகளில் வெட்டியே தருவார்கள். கட்டிங் மெஷினில் ஒரு கட்டு பேப்பர் வெண்ணெய் மாதிரி வெட்டுப்படுவதைப் பார்ப்பதற்காகவே இன்னொரு தடவை போகலாம்.

இப்போது பேப்பர். பலகை எழுத்துப் புத்தகத்துக்கு ஆர்ட் பேப்பர் போடச் சொல்லி எல்லோரும் சொன்னார்கள், களிமண் பூச்சு இருப்பதால் மை மேலேயே நிற்கும், சிவப்பு சிவப்பாகத் தெரியும். உண்மைதான். ஆனால் அது பளபளவென்று இருந்து, சுவரில் வெயிலும் மழையும் பட்டு வெளுத்த எழுத்தை ஏதோ கார் விளம்பரம் போல ஆக்கிவிடுகிறது. மேப்லித்தோவில் பூச்சு கிடையாது, மையைக் கொஞ்சம் குடித்துவிடும், நிறம் அடங்கிப் போகும். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. 100 ஜிஎஸ்எம் நேச்சுரல் ஷேட் மேப்லித்தோ எடுத்தேன், ஃபைலில் சிவப்பைக் கொஞ்சம் ஏற்றிக்கொண்டேன். இரண்டு வகையிலும் சாம்பிள் ஷீட் கேட்டேன், ஒரு கடையில் முறைத்தார்கள், பக்கத்துக் கடையில் "எடுத்துட்டுப் போம்மா, அடிச்சுப் பாத்துட்டு வா" என்று காசே வாங்காமல் கொடுத்தார்கள். இந்தத் தெருவின் குணம் இதுதான், பத்தடிக்கு ஒரு தடவை மாறும்.

அட்டைக்கு வாங்கும்போது ஒரு விஷயத்தைக் கட்டாயம் கேளுங்கள்: கிரெய்ன் எந்தப் பக்கம்? பேப்பரில் நார்கள் ஒரு திசையில் படிந்திருக்கும், அந்தத் திசையிலேயே மடித்தால் மடிப்பு சுத்தமாக விழும், குறுக்கே மடித்தால் 250 ஜிஎஸ்எம் ஆர்ட் கார்டில் மடிப்பு நெடுக மை உடைந்து வெள்ளைக் கோடு தெரியும். கறுப்பு அட்டை போட்டிருந்தால் தொலைந்தது. ஷீட்டை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் மெல்ல வளைத்துப் பார்த்தால், எந்தப் பக்கம் முரண்டு பிடிக்காமல் வளைகிறதோ, அந்த மடிப்பு விழும் கோட்டின் திசைதான் கிரெய்ன். புத்தகத்தில் அது முதுகுப் பக்கத்துக்கு இணையாக வர வேண்டும். ஆன்லைனில் இதை யாரிடம் கேட்பது? இங்கே கடைப் பையன் நாம் கேட்கும் முன்னாலேயே ஷீட்டை இரண்டு கையிலும் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டிக் காட்டிவிடுகிறான்.

கோல நோட்டு கதை வேறு. கடையில் கிடைக்கும் புள்ளி நோட்டுகள் எல்லாம் நேர்ப்புள்ளி, சதுரம் சதுரமாக. அதில் 7 புள்ளி 7 வரிசை போடலாம், சிக்குக் கோலம் போடலாம், சரி. ஆனால் மார்கழியில் அம்மா போடும் பெரிய கோலங்களில் பாதி "15 புள்ளி, இடைப்புள்ளி, 8 வரை" வகை. நடுவில் 15, இரண்டு பக்கமும் ஒவ்வொன்றாகக் குறைந்து 8ல் முடியும், மொத்தத்தில் ஓர் அறுகோணம். சதுரப் புள்ளியில் அதைப் போட்டால் கோலம் நீட்டமாக இழுத்துக்கொண்டு நிற்கும். அதனால் புள்ளிக்குப் புள்ளி 8 மில்லிமீட்டர், வரிசைக்கு வரிசை சுமார் 6.9 மில்லிமீட்டர், அடுத்த வரிசை பாதி தள்ளி என்று நானே போட்டுக்கொண்டேன். இடப்பக்கம் இடைப்புள்ளி, வலப்பக்கம் நேர்ப்புள்ளி, மிக வெளிறின சாம்பல் நிறத்தில். புள்ளி கண்ணுக்குத் தெரிய வேண்டும், கோலத்தோடு சண்டை போடக் கூடாது, அந்தச் சாம்பலைப் பிடிப்பதற்குத்தான் உயிர் போனது.

இதற்குத் தாள் தேர்ந்தெடுக்கும்போது பையில் மைப் பேனா எடுத்துக்கொண்டு போனேன். ஓரத்தில் ஒரு சுழி போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டால் பெரும்பாலும் சரி என்கிறார்கள். மலிவான தாளில் மை வேர் விட்டுப் பரவும், பின்பக்கம் தெரியும். "டிஎன்பிஎல் தரவா, சேஷசாயி தரவா?" என்று கேட்டார் கடைக்கார அண்ணா. ஒன்று கரூர் காகிதபுரத்தில் கரும்புச் சக்கையிலிருந்து தாள் செய்யும் அரசு நிறுவனம், இன்னொன்று ஈரோட்டுக்கு ஆற்றின் அந்தக் கரையில் பள்ளிபாளையத்தில் இருப்பது. இரண்டும் நம் ஊர்த் தாள்தான், இரண்டிலும் சுழித்துப் பார்த்துவிட்டு 90 ஜிஎஸ்எம்மில் ஒன்றை எடுத்தேன். எதை என்று சொல்ல மாட்டேன், உங்கள் பேனா வேறு, உங்கள் மை வேறு. (மைப் பேனாப் பைத்தியம் இருப்பவர்கள் அதே போஸ் ரோட்டில் ஜெம் அண்ட் கோவுக்குள் நுழையும் முன் பர்ஸை நண்பரிடம் கொடுத்துவிடவும்.)

பெட்டிக்கு வேண்டியது மில் போர்டும் (பைண்டிங்குக்கான தடித்த அட்டை) அதன் மேல் ஒட்டும் காலிகோ துணியும். போர்டின் தடிமனை இங்கே அவுன்ஸில் சொல்வார்கள், மில்லிமீட்டரில் கேட்டால் எடுத்துக் காட்டி "இதுவா பாரு" என்பார்கள், அதுவே போதும். பசை விஷயத்தில் ஒரு பைண்டர் சொன்ன யோசனை: மைதா பசையில் துளி மயில்துத்தம் கலந்தால் பூச்சி அண்டாது. மயில்துத்தம் விஷம், சமையல் பாத்திரத்தில் காய்ச்சாதீர்கள், கையைக் கழுவுங்கள். நான் சோம்பேறி, ஃபெவிகால்தான்.

இனி குறைகள், அவையும் நிறைய. முதல் குறை, சில்லறை வாங்குபவர்களுக்கு மதிப்பு இல்லை. ஒரு கடையில் பத்து ஷீட் கேட்டதற்கு, "காலேஜ் ப்ராஜெக்ட்டா? அப்புறம் வாம்மா" என்று சொல்லிவிட்டு என் பின்னால் வந்தவருக்கு ரீமை இறக்கினார்கள். அவர் ரீமாக வாங்குகிறார், புரிகிறது, ஆனால் அரை மணி நேரம் நிற்க வைத்துவிட்டுச் சொன்னதுதான் கடுப்பு. பெயர் வேண்டாம். இன்னொரு கடையில் ஐவரி கேட்டதற்கு நீலம் கலந்த வெள்ளையைக் கொடுத்து, "வீட்டுக்குப் போனா ஐவரியாத் தெரியும்" என்றார்கள், அந்த நம்பிக்கைக்கே தனியாக ஒரு நட்சத்திரம் கொடுக்கலாம். முன்பு வாங்கின அதே நிறம் அடுத்த லாட்டில் கிடைக்கும் என்ற உத்தரவாதமும் கிடையாது. ஒரு வேலைக்கு வேண்டியதை ஒரே தடவையில், கூடவே கொஞ்சம் அதிகமாகவும் வாங்கிவிடுங்கள்.

இரண்டாவது குறை தெருவேதான். மீன்பாடி வண்டி, தள்ளுவண்டி, சரக்கு இறக்கும் டெம்போ, நடுவில் பைக். தலையில் பேப்பர் கட்டோடு வருபவர் "ஓரம் ஓரம்" என்று குரல் கொடுத்தால் ஓரம் போய்விட வேண்டும், அவரால் நிற்க முடியாது. சொந்த வண்டியில் போகாதீர்கள். உயர் நீதிமன்ற மெட்ரோ நிலையத்தில் இறங்கி நடந்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை போய்விட்டு மூடியிருக்கிறது என்று எனக்கு மெசேஜ் போடாதீர்கள்.

எந்த மாதம் போகிறீர்கள் என்பதும் முக்கியம். நவம்பரில் ஆரம்பித்துப் பொங்கல் வரை டைரி, காலண்டர், ஜனவரிப் புத்தகக் காட்சிக்கு அடிக்கும் புத்தகங்கள் என்று தெருவும் அச்சகங்களும் பைண்டர்களும் மூச்சு விட நேரமில்லாமல் இருப்பார்கள், மழை ஈரத்தில் பேப்பரும் ஓரம் சுருண்டுகொள்ளும். நம் காலேஜில் செமஸ்டர் சப்மிஷனும் சரியாக அப்போதுதான் வந்து தொலைக்கிறது. ஆடி முதல் பாதியில் போனால், கல்யாணப் பத்திரிகை வேலை குறைவு, ஆவணி ஆர்டர்கள் இன்னும் குவிந்திருக்காது, கடைக்காரர்கள் உட்கார வைத்துப் பேசுவார்கள். எனக்கு ரீம் கணக்குச் சொன்ன பெரியவரும் அந்த மாதிரி ஒரு மத்தியானத்தில்தான் பேசினார். பத்திரிகைக் கடைகளில் போன வருஷத்து மாடல் கார்டுகள், உறைகளின் மிச்சத்தை அப்போது மலிவாகத் தள்ளிவிடுவதும் உண்டு. தங்க ஃபாயில் பிள்ளையார் ஒரு பக்கம் இருந்தாலும் பின்பக்கம் அருமையான டெக்ஸ்சர் கார்டு, கொலாஜ் பண்ணுபவர்கள் விடாதீர்கள்.

அஞ்சுக்கு நாலு நட்சத்திரம். குறைத்த ஒன்று அந்த "அப்புறம் வாம்மா"வுக்கு.

போகிறவர்கள் வெறும் கையோடு போகாமல், வீட்டில் இருக்கும் ஏதாவது தாளில் புத்தகத்தை மடித்து ஒரு டம்மி செய்து எடுத்துக்கொண்டு போங்கள். அதைக் கையில் பார்த்ததுமே கடைக்காரர் நம்மிடம் பேசும் விதம் மாறிவிடுகிறது, எத்தனை ஷீட், எந்தப் பக்கம் கிரெய்ன், சென்டர் பின்னா தையலா என்று அவரே கேட்க ஆரம்பித்துவிடுவார். கூடவே ஸ்கேல், மைப் பேனா, பெரிய ஷீட்டைச் சுருட்ட ஒரு பிவிசி குழாய். மூன்று நாலு ஷீட்தான் வேண்டும் என்றால் அவ்வளவு தூரம் போக வேண்டாம், உங்கள் ஏரியா ஸ்டேஷனரி கடையே போதும். போனால் மட்டும் வேலையை முடித்துவிட்டுப் பீச் ஸ்டேஷன் பக்கம் நடந்து அத்தோ (பர்மா நூடுல்ஸ்) சாப்பிடுங்கள். பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடாதீர்கள், அந்த எண்ணெய்க் கறை எந்த ஜிஎஸ்எம்மிலும் இறங்கும்.